சைக்கிள்காரன் எவ்ளோ ஓரமா போகணும்? குமரி ரோட்டுச் சண்டைகள் பத்தி கேள்வி பதில்

தக்கலை பக்கத்துல சைக்கிள் ரிப்பேர் கடை வச்சிருக்கேன், காலைல நாலஞ்சு பேரு கூட சேந்து சைக்கிள் சவுட்டவும் (ஓட்டவும்) செய்வேன், அதனால ரோட்டுல நடக்குற வம்பு எல்லாம் ஒண்ணு கடைக்கு வரும், இல்லன்னா நேரா என் மேலயே வரும். வந்த கேள்வில ஒரே மாதிரி இருந்தத சேத்துட்டேன். நான் வக்கீல் இல்ல, சட்டம் வாற எடத்துல தெரிஞ்சத மட்டும் சொல்லுதேன்.

கே (வில்லுக்குறி தம்பி): அண்ணே, இப்பதான் கியர் சைக்கிள் வாங்கினேன். நாகர்கோவில் ரோட்டுல பஸ்காரங்க பின்னாடியே வந்து ஹாரன் அடிச்சு தள்ளுறாங்க, "ஓரமா போலே"ன்னு கத்துறாங்க. எவ்ளோ ஓரமாதான் போகணும்?

மக்கா, இடது பக்கம் போகணும்ங்கிறது செரி. ஆனா தாரை விட்டு கீழ எறங்கணும்னு எந்த சட்டமும் சொல்லல. தார் முடியுற எடத்துல ஒரு படி மாதிரி பள்ளம் இருக்கும், அதுக்கு அந்தால ஜல்லி, சில எடத்துல ஓடைக்கு மூடியே கெடையாது, அதுல ஒரு தடவ முன்சக்கரம் எறங்கிட்டா திரும்ப ஏத்த முடியாது, ஏத்தப் பாத்தா அப்படியே பஸ்ஸுக்கு அடிலதான் விழுவ. அதனால தார் விளிம்புல இருந்து ரெண்டர மூணு அடி உள்ள போ.

நீ ரொம்ப ஓரத்துல போனா பின்னாடி வாறவன் "ஆங், இடம் இருக்கு"ன்னு ஸ்டியரிங்க திருப்பாமலே உரசிட்டு போவான். மூணு அடி உள்ள இருந்தா அவன் ஒரு முடிவு எடுத்தாகணும், ஒண்ணு வெலகிப் போகணும் இல்ல நின்னு வரணும். கணக்கு போட்டுப் பாரு. ரெண்டு வழி ரோடுன்னா தார் 7 மீட்டர். ஒரு பஸ் ரெண்டரை மீட்டர், எதிர்ல வாற பஸ் ரெண்டரை, ஆச்சா அஞ்சு. பாக்கி ரெண்டு மீட்டர், அதுவும் ரெண்டு ஓரத்துக்கும் நடுவுக்குமா பிரிஞ்சு கெடக்கும், உன் ஹேண்டில்பாரே அரை மீட்டருக்கு மேல. ரெண்டு பஸ் மாறுற எடத்துல சைக்கிளுக்கு இடமே கெடையாது, நீ எவ்ளோ ஒதுங்கினாலும் கெடையாது. அந்த மாதிரி நேரத்துல பஸ்தான் ரெண்டு செகண்ட் பின்னாடி நிக்கணும். வளைவு வாறதுக்கு முன்னாடி இன்னும் கொஞ்சம் உள்ள வா, வளைவு முடிஞ்சு ரோடு அகலமானதும் ஒதுங்கிக் குடுத்து கைய காட்டி விடு. கை காட்டினா பாதி பேரு ஹாரன நிறுத்திருவான், செஞ்சு பாரு.

கே (மார்த்தாண்டத்துல டெம்போ ஓட்டுறேன்): நீங்க வரியும் கட்டல, லைசென்ஸும் இல்ல, இன்சூரன்ஸும் இல்ல. ஞாயித்துக்கிழம கலர் கலரா பனியன் போட்டுட்டு ரோடு முழுக்க அடைச்சுட்டு போறீங்க. நாங்க லோடு எடுத்துட்டு நேரத்துக்கு போகணும். ரோடு என்ன உங்க அப்பன் வீட்டுதா?

அண்ணே, ஞாயித்துக்கிழம கூட்டம் பத்தி நீங்க சொல்றது உண்மைதான், அத முதல்ல சொல்லிருதேன். பதினஞ்சு இருவது பேரு ஒண்ணா கதை பேசிட்டு போறது தப்பு. எங்க கூட வாறவங்களுக்கு சொல்லி வச்சிருக்கது, நாலஞ்சு பேரா பிரிஞ்சு போங்க, ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல ஒரு லாரி நொழையுற அளவு இடைவெளி விடுங்க, வண்டி சத்தம் கேட்டா ஒத்தை வரிசை. ஆனா அண்ணே, பத்து பேரு ஒத்தை வரிசைல போனா, ரெண்டு ரெண்டு பேரா போறத விட நீளம் இரட்டிச்சுப் போவும், ஓவர்டேக் பண்ண உங்களுக்குத்தான் ரொம்ப தூரம் வேணும், அதையும் யோசிச்சுப் பாருங்க.

வரி கதை மட்டும் எனக்கு செரிப்படல. வண்டிக்கு கட்டுற வரி கஜானாவுக்கு போவுது, ரோடு போடுறது எல்லாரோட பணத்துலயும்தான், சோப்பு வாங்குறவன் குடுக்குற ஜிஎஸ்டி உட்பட. அதுபோக ரோட்ட ஒடைக்கிறது யாரு? 1950கள் கடைசில அமெரிக்காவுல இல்லினாய்ஸ் மாகாணத்துல இதுக்குன்னே ரோடு போட்டு லாரிய திரும்பத் திரும்ப ஓட்டிப் பாத்தாங்க. அச்சு மேல பாரம் ரெண்டு மடங்கானா ரோட்டுக்கு சேதம் ஏறக்குறைய பதினாறு மடங்குன்னு வந்துது. நம்ம ஊர்ல கல்லும் எம்-சாண்டும் ஏத்திட்டு கேரளாவுக்கு போற டாரஸ் லாரிய நெனச்சுக்கோங்க. சைக்கிள் போயி குழி விழுந்த ரோடு எங்கயாவது உண்டா?

யாருக்கு ரோடுங்கிற கேள்வி நம்ம ஜில்லாவுல பழசுதான். 1926ல சுசீந்திரத்துல கோயிலச் சுத்தியிருக்க தெருவுல நடக்குறதுக்கே சத்தியாகிரகம் பண்ண வேண்டி வந்துது. அந்த சாதிக் கொடுமையும் சைக்கிளும் ஒண்ணுன்னு சொல்ல வரல, தப்பா எடுத்துக்காதீங்க. பொது வழின்னா வழில வாற எல்லாருக்கும்னு நம்ம ஊரே போராடி வாங்கினது, அவ்ளோதான்.

கே (அதே டெம்போ அண்ணன்): செரி, வம்புக்கு கேக்கல. சைக்கிள தாண்டும்போ எவ்ளோ இடம் விட்டா போதும்?

கேட்டதுக்கு நன்றி அண்ணே. ஜெர்மனில 2020ல இருந்து ஊருக்குள்ள ஒன்றரை மீட்டர், ஊருக்கு வெளிய ரெண்டு மீட்டர்னு சட்டமே இருக்கு. பிரான்ஸ்ல ஊருக்குள்ள ஒண்ணு, வெளிய ஒன்றரை. டேப்பு வச்சு அளக்க வேண்டாம், கிளீனர் இடது பக்கம் கைய முழுசா நீட்டினாலும் அதுக்கு அந்தால இன்னொரு கை நீளம் இருக்கணும். அந்த இடம் இல்லன்னா அது ஓவர்டேக் பண்ற எடம் இல்ல. தாண்டுறதுக்கு முன்னாடி தூரத்துலயே சின்னதா ஒரு ஹாரன் போதும், பக்கத்துல வந்து அடிச்சா பயந்து அவன் உங்க பக்கமே சாய்வான்.

கே: ஏர் ஹாரன் அடிக்கிறதுக்கு கேஸ் உண்டா?

உண்டு. பல சத்தம் எழுப்புற ஹாரனுக்கு மோட்டார் வாகன விதி 119ல தடை. தேவையில்லாம ஹாரன் அடிச்சா மோட்டார் வாகனச் சட்டம் 194எஃப் பிரிவுல முதல் தடவை 1,000 ரூபாய், மறுபடி மாட்டினா 2,000. அப்படி எழுதினத கண்ணால பாத்ததில்ல, அது வேற விஷயம்.

கே (ஓய்வு பெற்ற வாத்தியார், தோவாளை பக்கம்): காலையில சானல்கரையில (பாசன வாய்க்கால் கரை) நடக்கப் போறோம். உங்க பையன்கள் பின்னாடி இருந்து சத்தமே இல்லாம அம்பு மாதிரி வாறாங்க. என் கூட நடக்கிறவர் பதறி விழப் பாத்தார். ரோட்டில லாரி இடிக்குது என்று அழுகிறீர்கள், இங்க நீங்கதானே லாரி?

சார், இத நான் பிரிண்ட் போட்டு கடைல ஒட்டப் போறேன். பசங்களா, சார் சொன்னத படிங்க, திரும்பவும் படிங்க.

சானல்கரை சைக்கிள் டிராக் இல்ல. தோவாளை சானலோ அனந்தனார் சானலோ பட்டணங்காலோ, தண்ணி தெறந்து விடவும் கரைய பாத்துக்கவும் போட்ட வழி அது. அதுல ஆள் நடப்பாங்க, துணி துவைக்க வருவாங்க, மாடு பத்திட்டு போவாங்க, பிள்ளைங்க குளிக்க எறங்கும். அங்க ஆகப் பெரிய வண்டி உன் சைக்கிள்தான். பஸ்காரன் உன் கிட்ட என்ன செய்யணும்னு எதிர்பாக்குறியோ அத அங்க நீ செய்யணும், அதுக்கு மேல ஒரு விதியும் தேவையில்ல. மலைப்பாதைல சைக்கிள் விடுறாங்களே அமெரிக்காவுல, அங்க வழி தொடங்குற எடத்துலயே மஞ்ச கலர் முக்கோண போர்டு இருக்கும், சைக்கிள்காரன் நடக்குறவனுக்கும் குதிரைக்கும் வழி விடணும்னு. அங்கயும் இதே சண்டைதான் போல.

கியர் சைக்கிள் நிறைய பெல் இல்லாமதான் வருது, அது ஸ்டைல் கெட்டுப்போவும்னு மாட்டாமலும் விடுறாங்க. பெல் மாட்டுங்க. இருவது முப்பது மீட்டர் முன்னாடியே ரெண்டு தட்டு, முதுகுக்கு பின்னாடி வந்து அடிக்கக் கூடாது. பெரியவங்களுக்கு காது கேக்காம இருக்கலாம், திரும்பிப் பாக்கலன்னா எறங்கி உருட்டுங்க, ஒண்ணும் குறைஞ்சு போவாது. மாடு வந்தா நின்னுருங்க, மாட்டுக்கு பெல் அடிச்சா அது சானல்ல எறங்கும், அப்புறம் மாட்டுக்காரர் உங்கள எறக்குவாரு. அப்புறம் லைட்டு. மினுக்கு மினுக்குன்னு எரியுற மோடுல வெளிச்சத்த எதிர்ல நடக்குறவங்க கண்ணுல அடிக்காதீங்க, கீழ பாக்க வச்சு ஒரே சீரா எரிய விடுங்க.

கே: பேச்சிப்பாறை, கோதையாறு பக்கம் காட்டுக்குள்ள எம்டிபி (மலைப்பாதை சைக்கிள்) விடலாமா? யாரும் தடுக்கல.

கூடாது. கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள்ள அனுமதி இல்லாம போறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம், அதோட அங்க ஆனை உண்டு, சத்தமில்லாம வேகமா வாற எதையும் ஆனைக்கு பிடிக்காது. ரப்பர் எஸ்டேட் வழியும் எஸ்டேட்காரங்க வழிதான், கேட்டுட்டு போங்க. விடியுறதுக்கு முன்னாடியே தலைல லைட்டு கட்டிட்டு பால் வெட்டுற ஆளுங்க மரத்துக்கு மரம் குறுக்கால நடப்பாங்க, அந்த நேரம் எறக்கத்துல பறந்தா யாரு மேல விழுவீங்கன்னு சொல்ல முடியாது.

கே (இரணியல்ல இருந்து வேலைக்கு போற பொண்ணு): அண்ணா, ஹாரன் எல்லாம் பரவால்ல. பைக்ல ரெண்டு பேரா பக்கத்துல வந்து கூடவே ஓட்டி அசிங்கமா பேசுறாங்க, ஒருத்தன் முதுகுல தட்டிட்டு போனான். வீட்ல சைக்கிளே வேண்டாம்ங்கிறாங்க.

தங்கச்சி, இதுக்கு சைக்கிள நிறுத்துறது தீர்வு இல்லன்னு நான் சுலபமா சொல்லிட்டு போயிருவேன், ரோட்டுல போறது நீ, அதனால செய்யக் கூடியத சொல்லுதேன். கூடவே ஓட்டினா நீ வேகம் கூட்டாத, கூட்டினா அவனுக்கு அது வெளையாட்டு. பட்டுன்னு பிரேக் பிடிச்சு நில்லு, பைக் முன்னாடி போயிரும், அப்ப நம்பர் தெரியும், நம்பர சத்தமா வாய் விட்டுப் படி. பக்கத்துல கடையோ சாயாக்கடையோ இருந்தா அதுக்குள்ள ஏறு, வீட்டுக்கு போற சந்துக்குள்ள திரும்பாத. தட்டினது சில்மிஷம்னு விட்டுரக் கூடாது, பி.என்.எஸ். (பாரதிய நியாய சன்ஹிதா, குற்றவியல் சட்டம்) 74ஆம் பிரிவு, பின்னாடியே வாறது 78, அசிங்கமா பேசுறதும் சைகை காட்டுறதும் 79. அவசரத்துக்கு 112, பெண்கள் உதவிக்கு 1091, 181. முடிஞ்சா இதே நேரத்துல போற இன்னொரு பிள்ளையோட சேந்து போ.

வீட்ல பேசுறதுக்கு ஒண்ணு சொல்லுதேன். 1990கள் தொடக்கத்துல புதுக்கோட்டைல எழுத்தறிவு சொல்லிக் குடுத்த அறிவொளி இயக்கத்தோட சேந்து ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் படிச்சாங்க, குவாரில கல் ஒடைக்கிறவங்க, நர்ஸு, அங்கன்வாடி டீச்சர்னு. அவங்களும் தெருவுல கேக்காத பேச்சு இல்ல. அதுக்காக அவங்க சைக்கிள விட்டு எறங்கல.

கே: ஹெல்மெட்டும் டைட் டிரெஸும் போட்டா கார்காரங்களுக்கு இன்னும் கோவம் வருதுன்னு சொல்றாங்களே, உண்மையா?

கொஞ்சம் உண்மை, கொஞ்சம் கதை. 2007ல இங்கிலாந்துல ஒரு சைக்காலஜிகாரர் சைக்கிள்ல சென்சார் மாட்டி தானே ஓட்டி அளந்தாரு. ஹெல்மெட் போட்டப்ப வண்டிங்க சராசரியா 8.5 சென்டிமீட்டர் கூடுதல் நெருக்கமா போச்சாம், நீள முடி விக் வச்சப்ப வெலகிப் போச்சாம். பின்னாடி வேற ஆளுங்க அதே கணக்க திரும்ப ஆராஞ்சு ஹெல்மெட்டால பெருசா வித்தியாசம் இல்லன்னுட்டாங்க. ஆனா 2019ல ஆஸ்திரேலியாவுல வந்த ஒரு ஆய்வு எனக்கு நம்பும்படியா இருக்கு. சைக்கிள்காரன முழு மனுஷனா நெனைக்காதவங்கதான் வேணும்னே குறுக்க கட் அடிக்கிறது, உரசுறதுன்னு செய்றாங்கன்னு அதுல வந்துது.

நம்ம ஊருக்கு இத பொருத்திப் பாத்தா, மீன் கூடை கட்டிட்டு சைக்கிள்ல போற அண்ணாச்சிய யாரும் திட்டுறதில்ல, ஆனா அவருக்கு இடமும் விடுறதில்ல. டிரெஸ் போட்டவன திட்டுறாங்க, அவனுக்கும் இடம் விடல. டிரெஸ் மாத்தி பிரயோஜனம் இல்ல. ஹெல்மெட்ட போடுங்க, விழும்போ தலைக்கு அது வேணும்.

கே: போன மாசம் லாரி தட்டிட்டு நிக்காம போயிட்டான். கை முறிஞ்சுது. சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லாததால ஒண்ணும் கெடைக்காதுன்னு சொல்றாங்க.

தப்பா சொல்றாங்க. தட்டின வண்டியோட மூணாம் நபர் இன்சூரன்ஸ்தான் உங்களுக்கு தரணும், உங்க சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் தேவையே இல்ல. முதல்ல எஃப்.ஐ.ஆர். போடுங்க, ஆஸ்பத்திரி காயச் சான்று வாங்கி வைங்க, சைக்கிள ரிப்பேர் பண்ணாம போட்டோ எடுங்க (எங்கிட்ட கொண்டு வந்தாலும் இதத்தான் சொல்லுவேன்). விபத்து இழப்பீட்டு கோர்ட்டுல ஆறு மாசத்துக்குள்ள மனு போட்டுருங்க. வண்டி எதுன்னே தெரியலன்னாலும் 2022 ஏப்ரல்ல இருந்து இடிச்சுட்டு ஓடின கேஸுக்கு உயிர் போனா 2 லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 ரூபாய் உண்டு, எலும்பு முறிவு பலத்த காயம்தான், மனு வருவாய்த்துறை அதிகாரி கிட்ட குடுக்கணும். இன்னொண்ணு எல்லாரும் தெரிஞ்சு வச்சுக்கோங்க, நம்மைக் காக்கும் 48 திட்டம் 2021 டிசம்பர்ல வந்துது, தமிழ்நாட்டு ரோட்டுல அடிபட்டா அதுல சேந்த ஆஸ்பத்திரில முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை. ஸ்பாட்லயே ஐநூறு ரூபாய் வாங்கிட்டு சமாதானம் பேசாதீங்க.

கே (திங்கள்சந்தை, ஒரு அம்மா): பையனுக்கு பதினொண்ணாங் கிளாஸ்ல அரசு சைக்கிள் குடுத்தாங்க. மெயின் ரோட்டுல விட பயமா இருக்கு.

அக்கா, பயம் நியாயம்தான். ஹாலந்துல இன்னைக்கு பிள்ளைங்க எல்லாம் சைக்கிள்ல போகுதே, 1971ல அங்க ஒரே வருஷத்துல ரோட்டுல 3,000 பேருக்கு மேல செத்தாங்க, அதுல 400க்கு மேல குழந்தைங்க. அப்புறம் தாய் தகப்பன் எல்லாம் தெருவுல எறங்கிப் போராடினதுலதான் ரோடு மாறிச்சு, சும்மா மாறல. நீங்க ஒரு ஞாயித்துக்கிழம அவன் கூடப் போயி உள்வழி பாருங்க, ரெண்டு கிலோமீட்டர் கூடினாலும் பரவால்ல. பேக்க ஹேண்டில்ல தொங்க விடக் கூடாது, பிரெண்ட ஏத்தக் கூடாது, பின்னாடி செவப்பு லைட்டு கண்டிப்பா. பிரேக் கட்டை தேஞ்சிருந்தா மழைல நிக்காது, நமக்கு ரெண்டு பருவ மழையும் உண்டு, அதனால ஜூன்ல ஒரு தடவை, அக்டோபர்ல ஒரு தடவை மாத்திருங்க.

கே: காஷ்மீர்ல இருந்து வாற ரைடருங்க கூட கடைசி நாள் சேந்து ஓட்டப் போறேன். ஆரல்வாய்மொழி பக்கம் லாரி வேணும்னே இடிக்கப் பாக்குதுன்னு பிரெண்ட் சொன்னான்.

வேணும்னு இல்ல தம்பி, காத்து. மே மாசத்துல இருந்து செப்டம்பர் வரை கணவாய்ல அடிக்கிற காத்துக்குத்தான் முப்பந்தல்ல கரண்ட் எடுக்குற காத்தாடி அவ்ளோ நட்டு வச்சிருக்காங்க. பக்கவாட்டுல காத்து தள்ளும்போ நீ அதுக்கு எதிரா சாஞ்சு ஓட்டுவ, லாரி தாண்டும்போ காத்து திடீர்னு நிக்கும், நீ லாரி பக்கம் சாய்வ, லாரி போனதும் மறுபடி அடிச்சு ஓரத்துக்கு தள்ளும். லாரிக்காரன் கண்ணுக்கு சைக்கிள்காரன் குறுக்க வந்த மாதிரி, உனக்கு அவன் இடிக்க வந்த மாதிரி. காத்து குறையா இருக்கப்ப, விடிஞ்சதும் அந்த எடத்த தாண்டிரு. லாரி சத்தம் கேட்டா சவுட்டுறத நிறுத்தி ரெண்டு கையாலயும் ஹேண்டில்ல கீழ பிடி, பக்கத்துல யாரும் வரக் கூடாது, ஒத்தை வரிசை. மூணாயிரத்து சொச்சம் கிலோமீட்டர் ஓட்டிட்டு வாறவங்களுக்கு காலு தளந்து போயிருக்கும், முன்னாடி நீ போ, வேகத்த நீயே குறை.