அசல் டுகாட்டி என்று விற்ற டீலரிடம் பணத்தைத் திரும்பக் கேட்க முடியுமா?

கேள்வி: லண்டன் ஹாரோவில் வசிக்கிறேன். 2023 மே மாதம் இங்கிலாந்தில் உள்ள ஒரு பழைய பைக் டீலரிடம் 1974 டுகாட்டி 750 சூப்பர் ஸ்போர்ட் ஒன்றை 92,000 பவுண்டுக்கு வாங்கினேன். "இத்தாலியின் முதல் உரிமையாளர் முதல் அறுபடாத வரலாறு, மேட்சிங் நம்பர்ஸ்" என்று விளம்பரம் சொன்னது. கூடவே ஒரு ஃபைல்: பழைய இத்தாலியப் பதிவுப் புத்தகம், ரசீதுகள், சில படங்கள். சென்ற மாதம் வேலைக்கு விட்டபோது, சேஸிஸில் பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிய எண் அடித்திருப்பதாகவும், அது சாதாரண 750 ஜிடி சேஸிஸாக இருக்கலாம் என்றும் மெக்கானிக் சொன்னார். டீலரோ, "எனக்குச் சொன்னதைத்தான் உங்களுக்குச் சொன்னேன், இன்வாய்ஸில் 'உள்ளது உள்ளபடி விற்பனை' என்று இருக்கிறதே" என்கிறார். பேசாமல் அதே ஃபைலோடு வேறு யாருக்காவது தள்ளிவிடு என்கிறார் மச்சான். என்ன செய்யலாம்?
(பெயர் வேண்டாம், ஹாரோ)

பதில்: மச்சானிடமிருந்தே தொடங்குகிறேன். சந்தேகம் இருப்பது தெரிந்த பிறகு அதே விளம்பர வாசகத்தோடு நீங்கள் விற்றால், 2006ஆம் ஆண்டு மோசடிச் சட்டத்தின்படி குற்றவாளிக் கூண்டில் நிற்கப்போவது நீங்கள்தான். இப்போது ஏமாந்தவர் என்ற நிலையில் இருக்கிறீர்கள். அதைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இனி பைக். 1972 ஏப்ரல் 23 அன்று இமோலா 200 பந்தயத்தில் பால் ஸ்மார்ட்டும் புருனோ ஸ்பஜியாரியும் டுகாட்டிக்கு முதல் இரண்டு இடங்களையும் வாங்கித் தந்தார்கள். அந்தப் பந்தய வண்டியைச் சாலைக்குக் கொண்டுவந்ததுதான் 1974இன் 750 சூப்பர் ஸ்போர்ட். தலைமைப் பொறியாளர் ஃபாபியோ தாலியோனியின் டெஸ்மோ வால்வு அமைப்பு (ஸ்பிரிங்கை நம்பாமல் இயந்திரமே வால்வை மூடும் முறை) கொண்ட இந்த வண்டிகள் சுமார் 400தான் தயாராயின. சேஸிஸின் நிறத்தை வைத்து 'கிரீன் ஃபிரேம்' என்பார்கள். அதே குடும்பத்து 750 ஜிடியும் 750 ஸ்போர்ட்டும் எண்ணிக்கையில் அதிகம், விலையில் குறைவு. ஒன்றை எடுத்து இன்னொன்றாக்கக் கை கூசாதவர்கள் உண்டு. ரசனைக்காகச் செய்து நகல் என்றே சொல்லி விற்றால் அதில் தவறில்லை. அசல் என்று சொல்லி விற்கும்போதுதான் சட்டம் உள்ளே வருகிறது.

'மேட்சிங் நம்பர்ஸ்' (என்ஜினும் சேஸிஸும் தொழிற்சாலையில் சேர்ந்து வந்த அதே ஜோடிதான் என்ற பொருள்) என்ற சொல்லை டீலர் தனக்குச் சாதகமாக வளைப்பார், தயாராக இருங்கள். அந்தக் காலத்து டுகாட்டிகளில் என்ஜின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. ஆகவே உங்கள் கேஸை அந்தச் சொல்லின் மேல் கட்டாதீர்கள். "1974 750 சூப்பர் ஸ்போர்ட்", "அறுபடாத வரலாறு" என்ற இரண்டும்தான் உங்கள் பிடி.

"எனக்குச் சொன்னதைத்தான் சொன்னேன்" என்ற வாதம் இங்கிலாந்து நீதிமன்றங்களுக்குப் பழசு. 1957இல் ஆஸ்கர் செஸ் எதிர் வில்லியம்ஸ் என்றொரு வழக்கு. ஒரு சாதாரண மனிதர் தன் மோரிஸ் காரை 1948 மாடல் என்று டீலரிடம் கொடுத்தார். லாக்புக்கில், அதாவது பதிவுப் புத்தகத்தில், அப்படித்தான் இருந்தது. உண்மையில் அது 1939 மாடல், லாக்புக்கை முன்பு யாரோ திருத்தியிருக்கிறார்கள். டீலர் வழக்குப் போட்டுத் தோற்றார். கொடுத்தவருக்குத் தனியாக எதுவும் தெரிய வழியில்லை, டீலர்தான் தொழில் தெரிந்தவர் என்றது நீதிமன்றம். 1965இல் டிக் பென்ட்லி எதிர் ஹரல்ட் ஸ்மித் வழக்கில் நிலைமை தலைகீழ். என்ஜின் மாற்றியபின் 20,000 மைல்தான் ஓடியது என்று பென்ட்லி காரை விற்றவர் டீலர். அவர் பொய் சொன்னார் என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனாலும் தோற்றார், ஏனென்றால் விசாரித்துத் தெரிந்துகொள்ளக்கூடிய இடத்தில் இருந்தவர் அவர். இரண்டு தீர்ப்பிலும் நீதிபதி டெனிங் பிரபு இருந்தார். உங்கள் கதை இரண்டாவது வகை. பழைய இத்தாலிய பைக் விற்பதையே பிழைப்பாகக் கொண்டவர், சேஸிஸ் நம்பரை உற்றுப் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்ப முடியாது.

1967ஆம் ஆண்டுத் தவறான தகவல் சட்டமும் உங்களுக்குத் துணை. அதன் 2(1) பிரிவின்படி, தான் சொன்னதை நம்ப நியாயமான காரணம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்றவருடையது.

'உள்ளது உள்ளபடி' வாசகத்துக்குப் பயப்படாதீர்கள். வியாபாரி நுகர்வோருக்கு விற்கும்போது 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். பொருள் விவரிப்புக்கு ஒத்திருக்க வேண்டும் என்பது அதன் 11ஆம் பிரிவு, இன்வாய்ஸில் என்ன எழுதினாலும் அதைத் துடைக்க முடியாது. 30 நாள் அவகாசத்தில் திருப்பிக் கொடுக்கும் உரிமை உங்களுக்கு எப்போதோ முடிந்துவிட்டது. போலியைப் பழுது பார்த்து அசலாக்க முடியாது, மாற்று வண்டி தரவும் முடியாது, ஆகவே இறுதி மறுப்பு உரிமை (வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்பது) அல்லது விலைக் குறைப்புக் கேட்கலாம். ஓட்டிய காலத்துக்குக் கொஞ்சம் கழிப்பார்கள். ஆறு மாதம் தாண்டிவிட்டதால் குறை டெலிவரி நாளிலேயே இருந்தது என்று நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். அராவிய தடம் நேற்று வந்ததில்லை என்று நிபுணர் சொன்னால் போதும்.

நிபுணர் என்றால் உங்கள் மெக்கானிக் இல்லை. நீதிமன்றத்துக்குக் கடமைப்பட்டவராக, சிவில் விதிகள் 35ஆம் பகுதிப்படி அறிக்கை தரக்கூடிய ஒருவர் வேண்டும். அதுவரை சேஸிஸ் எண்ணைத் தேய்க்கவோ பெயிண்ட் அடிக்கவோ யாரையும் விடாதீர்கள். தடம் அழிந்தால் வழக்கும் போச்சு.

ஃபைலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அதில் உள்ள பதிவுப் புத்தகம் அச்சு அசலாகவே இருக்கலாம். வண்டிதான் அதற்கு உரியது இல்லை. அப்படியானால் அந்த எண்ணுக்கு உரிய உண்மையான வண்டி நொறுங்கிப் போயிருக்கலாம், அல்லது வேறொருவர் கொட்டகையில் நலமாக நிற்கலாம். இத்தாலிய நம்பர் பிளேட் எண் தெரிந்தால், அங்குள்ள வாகனப் பதிவேடான பிஆர்ஏவிலிருந்து உரிமை மாற்றங்களின் கால வரிசைச் சாற்றைக் கேட்டு வாங்கலாம். டீலர் சொன்ன கதையோடு தேதிகளை ஒப்பிடுங்கள். என் அனுபவத்தில் இடையில் சில வருடங்கள் காணாமல் போகும் இடத்தில்தான் விஷயம் இருக்கும்.

டீலர் பக்கம் கையில் எடுக்கக்கூடிய ஒரு தீர்ப்பும் இருக்கிறது. 1990இல் ஹப்பர்ட் வழக்கு: 'ஓல்ட் நம்பர் ஒன்' என்ற புகழ்பெற்ற பென்ட்லி பந்தயக் காரில் ஆதி உதிரிகள் பெரும்பாலும் மாறிப்போயிருந்தும், தொடர்ச்சியான வரலாறு இருந்ததால் அதே கார்தான் என்று நீதிபதி ஓட்டன் சொன்னார். ஆகவே உதிரிபாகம் மாறியது என்று மட்டும் வாதாடினால் பத்தாது. வேறொரு வண்டிக்கு இந்த வண்டியின் பெயரைச் சூட்டியிருக்கிறார்கள் என்பதுதான் உங்கள் வாதம்.

மோசமான சாத்தியமும் இருக்கிறது: சேஸிஸ் திருட்டு வண்டியுடையதாக இருக்கலாம். அப்படித் தெரிந்தால் போலீஸிடம் சொல்லுங்கள். வண்டி கையை விட்டுப் போகலாம், ஆனால் விலை முழுவதையும் கேட்கும் உரிமை வலுக்கும். 1923இல் ரோலண்ட் எதிர் டிவால் வழக்கில், பல மாதம் ஓட்டிய திருட்டுக் காருக்கு வாங்கியவர் கொடுத்த பணம் முழுவதும் திரும்பக் கிடைத்தது. உங்கள் பெயரில் வி5சி என்ற பிரிட்டிஷ் பதிவுச் சான்று இருப்பது இதில் உதவாது. அது பதிவுபெற்ற பராமரிப்பாளர் யார் என்று மட்டும் காட்டும், உரிமையாளர் யார் என்று காட்டாது. முன்பணத்தைக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்தாலும், விலை 30,000 பவுண்டைத் தாண்டியதால், கார்டு கம்பெனியிடமே பணம் கேட்க வழிசெய்யும் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு உங்களுக்கு இல்லை.

ஒப்பந்த வழக்குக்கு ஆறு வருடம், அதாவது 2029 மே வரை இருக்கிறது. ஆனால் திருப்பிக் கொடுக்கும் உரிமை அவ்வளவு நாள் காத்திருக்காது. கான்ஸ்டபிள் ஓவியம் என்று நம்பி ஒரு படம் வாங்கி, ஐந்து வருடம் கழித்துத் திருப்பிக் கொடுக்க வந்தவரை 1950இல் நீதிமன்றம் வெறுங்கையோடு அனுப்பியது. ஆகவே இனி ஓட்டாதீர்கள், இந்த வாரமே டீலருக்கு எழுத்தில் மறுப்புக் கடிதம் அனுப்புங்கள். விளம்பரத்தின் பிரதி, இன்வாய்ஸ், வாங்குமுன் நடந்த ஈமெயில், வாட்ஸ்அப் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். அப்புறம் டீலரின் கம்பெனி இன்னும் உயிரோடு இருக்கிறதா, கணக்கில் சொத்து இருக்கிறதா என்று கம்பெனிகள் பதிவகத்தில் பாருங்கள், இதற்குக் காசு செலவில்லை. காலியான கம்பெனிக்கு எதிராகத் தீர்ப்பு வாங்கி யாருக்கு லாபம்?

இன்ஷூரன்ஸ் ஒப்புக்கொண்ட மதிப்பு அடிப்படையில் (வண்டியின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடித்தது) இருந்தால், புதுப்பிக்கும்போது கேட்கும் கேள்விகளுக்கு இந்தச் சந்தேகத்தையும் சேர்த்தே பதில் சொல்லுங்கள். பழைய மதிப்பையே எழுதிவிட்டு நாளை வண்டி திருடு போனால், அந்தக் கம்பெனியோடும் இன்னொரு வழக்கு நடத்த வேண்டிவரும்.