வாசகர் கேள்வி பதில்: டேட்டாபேஸுக்கு ஊர் வழி தெரியணும்னா

கேள்வி: அல்சூர்ல கேன் தண்ணி சப்ளை பண்றோம் சார். கஸ்டமர் லிஸ்ட் எல்லாம் போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ்ல, லாட்டிட்யூட் லாங்கிட்யூட் ரெண்டு தனி ஃபீல்டா இருக்கு. வண்டி நிக்கற இடத்துலேர்ந்து 2 கிலோமீட்டருக்குள்ள யார் யார் இருக்காங்கன்னு பாக்க கோட்ல ஒரு ஃபார்முலா போட்டிருக்கோம், ஆள் சேரச் சேர அது இழுத்துக்கிட்டே போகுது. மேப் சாஃப்ட்வேர் வாங்கிடலாம்ங்கறார் ஓனர், விலையைக் கேட்டா மயக்கமே வருது. வேற வழி இருக்கா?
வாசகர், அல்சூர், பெங்களூரு

பதில்: ஓனர்கிட்ட வாங்க வேணாம்னு சொல்லிடுங்க. உங்க போஸ்ட்கிரெஸ்லயே போஸ்ட்ஜிஐஎஸ்னு, இடங்களைப் புரிஞ்சுக்கற ஒரு எக்ஸ்டென்ஷன் (கூடுதல் பகுதி) சேத்துக்கலாம், ஓப்பன் சோர்ஸ், ஒரு பைசா கிடையாது. கனடாவுல ரிஃப்ராக்ஷன்ஸ் ரிசர்ச்னு ஒரு கம்பெனி 2001ல முதன்முதலா வெளியிட்டது, அதுக்கப்புறம் பல நாட்டுக்காரங்க சேந்து வளத்துட்டு வர்றாங்க, நம்பி இறங்கலாம்.

இப்ப உங்க டேட்டாபேஸுக்கு 77.59, 12.97 ரெண்டும் வெறும் நம்பர்தான், அது பெங்களூருங்கற விஷயமே அதுக்குத் தெரியாது, அதனாலதான் ஒவ்வொரு தடவையும் எல்லா கஸ்டமரையும் எடுத்து கணக்கு போட வேண்டியிருக்கு. அதை மாத்தறதுதான் வேலையே. சர்வர்ல பேக்கேஜை ஏத்திட்டு, டேட்டாபேஸுக்குள்ள போய் 'கிரியேட் எக்ஸ்டென்ஷன் போஸ்ட்ஜிஐஎஸ்'னு ஒரு வரி குடுங்க. இதை டேட்டாபேஸ் வாரியா குடுக்கணும், டெஸ்ட்ல போட்டுட்டு லைவ்ல விட்டுடாதீங்க. அப்புறம் கஸ்டமர் டேபிள்ல ஜியாக்ரஃபி டைப்ல (பூமியை உருண்டையா எடுத்துக்கற டைப்) ஒரு ஃபீல்டு சேருங்க, எஸ்ஆர்ஐடி, அதாவது அளவுமுறையோட அடையாள நம்பர், 4326, ஜிபிஎஸ் குடுக்கற அளவுமுறை அதுதான். போஸ்ட்கிரெஸ் 12 இல்ல அதுக்கு மேலன்னா ஜெனரேட்டட் ஃபீல்டாவே வெச்சுடலாம், புது கஸ்டமர் சேந்தா தானா நிரம்பிக்கும்.

பாயின்ட் செய்யும்போது லாங்கிட்யூட் முதல்ல, லாட்டிட்யூட் அப்புறம். நாம பேசற வரிசைக்கு நேர் தலைகீழ், இதை மட்டும் எழுதி ஒட்டி வெச்சுக்கோங்க. மாத்திக் குடுத்தா எர்ரர் எதுவும் வராது, உங்க அல்சூர் கஸ்டமர் எல்லாரும் ஆர்க்டிக்ல ஸ்வால்பார்ட் தீவு ஓரமா கடல்ல போய் விழுந்துடுவாங்க, 2 கிலோமீட்டர்ல யாருமே இல்லைன்னு பதில் வரும்.

அடுத்தது இன்டெக்ஸ், அதாவது சீக்கிரம் தேட உதவற அட்டவணை, ஜிஸ்ட் டைப்ல போடுங்க. ஒவ்வொரு இடத்தையும் பெட்டி பெட்டியா கட்டி, சின்னப் பெட்டிகளைப் பெரிய பெட்டிக்குள்ள போட்டு வெச்சுக்கும், தேடும்போது சம்பந்தமில்லாத பெட்டியைத் திறக்கவே திறக்காது. இன்டெக்ஸ் போட்டும் ஸ்லோவா இருக்குன்னு வர்ற கம்ப்ளைன்ட்ல பலதுக்கும் காரணம், எஸ்டி டிஸ்டன்ஸ்ங்கற ஃபங்ஷன்ல தூரம் கண்டுபிடிச்சு அது 2000க்குக் கீழயான்னு கேக்கறது. அப்படிக் கேட்டா இன்டெக்ஸ் பக்கமே போகாது, ஒவ்வொண்ணா அளந்துட்டு உக்காந்திருக்கும். அதுக்குப் பதிலா, இத்தனை தூரத்துக்குள்ள இருக்கான்னு பாக்கற எஸ்டி டிவிதின் ஃபங்ஷன்ல கேளுங்க, வித்தியாசம் கண்ணுல தெரியும். ஜியாக்ரஃபி டைப்ல தூரம் மீட்டர்ல. தட்டையான பரப்புல கணக்கு போடற ஜியாமெட்ரி டைப்ல 4326 வெச்சுட்டு 2000 குடுத்தா அதை டிகிரின்னு எடுத்துக்கும், ஒரு டிகிரியே கிட்டத்தட்ட 110 கிலோமீட்டர், எல்லாருமே பக்கத்துலன்னு வந்துடும்.

இன்னொண்ணு, இது காக்கா பறக்கற தூரம்தான். அல்சூர் ஏரிக்கு அந்தக் கரையில இருக்கறவர் மேப்ல பக்கம், வண்டிக்குச் சுத்து. ரோடு தூரம் வேணும்னா அப்புறமா ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்ங்கற இலவச மேப் டேட்டாவோட, ரோடு வழி தேடற பிஜிரூட்டிங் எக்ஸ்டென்ஷனும் சேத்துக்கலாம், ஆனா அது தனி வேலை, இப்பவே தலையில போட்டுக்காதீங்க.

கேள்வி: எங்க ஏரியா குப்பை, தெருவிளக்கு கம்ப்ளைன்ட்டை வார்டு வாரியா எண்ணப் பாக்கறோம். வார்டு எல்லைகள் இருக்கற ஷேப் ஃபைலை போஸ்ட்ஜிஐஎஸ்ல ஏத்தியாச்சு, ஆனா கம்ப்ளைன்ட்டோட சேத்தா மிக்ஸ்டு எஸ்ஆர்ஐடின்னு எர்ரர் வருது.
வாசகி, விவேக் நகர், பெங்களூரு

பதில்: ஏத்தும்போது எஸ்ஆர்ஐடி குடுக்காம விட்டிருப்பீங்க, அப்ப அது 0ன்னு உக்காந்துக்கும். ஷேப் ஃபைலோட வந்த பிஆர்ஜே ஃபைலைத் திறந்து எந்த அளவுமுறைன்னு பாத்து அந்த நம்பரைக் குடுங்க. அது 4326 இல்லைன்னா எஸ்டி டிரான்ஸ்ஃபார்ம் போட்டு மாத்திக்கணும், வெறும் நம்பரை மட்டும் திருத்தினா இடம் நகராது, பொய் லேபிள் ஒட்டின மாதிரிதான். ஏத்தினதும் எல்லை சரியா இருக்கான்னு எஸ்டி ஈஸ்வேலிட் ஓட்டிப் பாருங்க, எல்லைக்கோடு தன்னைத்தானே வெட்டிக்கிட்டிருந்தா எண்ணிக்கை தப்பா வரும். கியூஜிஐஎஸ்ங்கற மேப் சாஃப்ட்வேர்ல நேரா கனெக்ட் பண்ணி கண்ணாலயும் ஒரு தடவை பாத்துடுங்க, அதுவும் இலவசம்தான். வார்டு பரப்பளவு சதுர மீட்டர்ல வேணும்னா எஸ்ஆர்ஐடி 32643க்கு (மீட்டர்ல அளக்கற யூடிஎம் மண்டலம் 43) மாத்தி அளங்க, பெங்களூரு அந்த மண்டலத்துல வருது. சென்னைன்னா 32644.

நீங்க கேக்கல, ஆனா சொல்லியே ஆகணும். இங்க 198 வார்டா இருந்தது, 2022ல 243ன்னாங்க, 2023ல 225ன்னாங்க, 2025ல மாநகராட்சியையே அஞ்சா பிரிச்சாச்சு. அதனால வார்டு டேபிள்ல எந்தத் தேதியிலேர்ந்து எந்தத் தேதி வரைக்கும்னு ரெண்டு ஃபீல்டு வைங்க, பழைய எல்லையை அழிக்காதீங்க. கம்ப்ளைன்ட்ல வார்டு நம்பரை எழுதி வைக்காம பாயின்ட்டை மட்டும் வைங்க, எத்தனை தடவை எல்லை மாறினாலும் திரும்ப எண்ணிக்கலாம். ஜனங்க குடுத்த கம்ப்ளைன்ட் ஒண்ணு கூட கணக்குலேர்ந்து விட்டுப்போகக் கூடாது இல்லையா.

கேள்வி: எங்ககிட்ட இருக்கறது மைஎஸ்க்யூஎல் 8 டேட்டாபேஸ். போஸ்ட்கிரெஸுக்கு மாறித்தான் ஆகணுமா?
வாசகர், தொம்லூர், பெங்களூரு

பதில்: தூரம், எந்த எல்லைக்குள்ள, இவ்வளவுதான்னா மாற வேணாம், அதுலயே ஸ்பேஷியல் (இடத்துக்கான) டைப்பும் இன்டெக்ஸும் இருக்கு. ஃபீல்டுக்கு எஸ்ஆர்ஐடி கட்டாயம் குடுங்க, இல்லைன்னா இன்டெக்ஸைத் தொடாது. 4326ல எழுத்தா குடுக்கும்போது இங்க லாட்டிட்யூட்தான் முதல்ல, முதல் கேள்வியில நான் சொன்னதுக்கு எதிர் வரிசை. எல்லையை வெட்டறது ஒட்டறது, ராஸ்டர் (கட்டம் கட்டமா இருக்கற மேப் படம்), ரூட்டிங் (வழி தேடறது) இப்படிப் போகப் போறீங்கன்னா இப்பவே போஸ்ட்ஜிஐஎஸ்க்கு வந்துடுங்க, டேட்டா பெருத்தப்புறம் மாத்தறது ரொம்பக் கஷ்டம்.

கேள்வி: போஸ்ட்ஜிஐஎஸ் ஜிபிஎல் லைசென்ஸாமே, யூஸ் பண்ணா எங்க ஆப் கோடை வெளியிடணுமா?
அதே வாசகர்

பதில்: வேணாம். உங்க சர்வர்ல அது ஓடுது, உங்க ஆப் அதுகிட்ட க்வெரி கேக்குது, அவ்வளவுதான், ஆப் கோடு உங்களோடது. போஸ்ட்ஜிஐஎஸ்ஸையே, திருத்தியோ திருத்தாமலோ, வெளியாளுக்குக் குடுத்தா மட்டும் அதோட சோர்ஸையும் (திருத்தியிருந்தா திருத்தின சோர்ஸை) அவங்களுக்குக் கிடைக்கச் செய்யணும்.