அப்பாரு (தாத்தா) கண்ணும் தோலும் தானம் தரச் சொல்லியிருக்கிறார். அந்த நாளில் வீட்டில் என்ன செய்ய வேண்டும்?

நீங்கள் கொடுத்த விவரம் இது: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீடு. அப்பாருக்கு 79 வயது, சர்க்கரை உண்டு, இரண்டு கண்ணிலும் புரை அறுவை ஆகியிருக்கிறது. தானப் படிவம் எழுதி அட்டை வாங்கிப் பீரோவில் வைத்திருக்கிறார். பெரியப்பாவுக்கு மட்டும் இஷ்டமில்லை. இதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்த அட்டை. அது பீரோவில் இருந்துகொண்டு யாருக்கும் போன் பண்ணாது. வருகிற குழு கேட்பது நெருங்கிய உறவினர் ஒருவரின் கையெழுத்தையும் இரண்டு சாட்சிகளையும்தான். எழுதித் தராமல் இறந்தவரின் கண்ணைக்கூடக் குடும்பம் சம்மதித்தால் தரலாம். எழுதித் தந்தவரே ஆனாலும், வாசலில் ஒருத்தர் நின்று "தொடக்கூடாது" என்றால் எந்தக் குழுவும் பையைத் திறக்காது. ஆகவே பெரியப்பாவிடம் அப்பாரையே இப்போது பேசச் சொல்லுங்கள். சாவு வீட்டில் பங்காளிகளும் மாமன் மச்சானும் கூடிய பிறகு இந்தப் பேச்சை எடுத்தால் தோற்றுப் போவீர்கள்.

பெரியப்பாவின் பயம் அநேகமாக முகம் கெட்டுவிடும் என்பதாக இருக்கும். நடப்பதைச் சொன்னால் பாதி பயம் போய்விடும். ஒருவரோ இருவரோ ஒரு பெட்டியோடு வருவார்கள். தனி அறை, நல்ல வெளிச்சம், கை கழுவத் தண்ணீர் இவ்வளவு போதும். கண்ணைச் சுற்றி போவிடோன் அயோடினால் துடைத்து, சலைன் விட்டுக் கழுவி, இமையைச் சின்னக் கம்பிக் கருவியால் விலக்கிப் பிடிப்பார்கள். பெரும்பாலும் முழு விழியை எடுப்பதில்லை. கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போல இருக்கும் கருவிழிப் படலத்தை (கார்னியா), சுற்றிலும் சில மில்லிமீட்டர் வெள்ளை விளிம்போடு, வட்டமாக நறுக்கி எடுப்பார்கள். சட்டைப் பொத்தான் அளவு, நடுவில் அரை மில்லிமீட்டர் கனம். அதை மருந்துத் திரவம் உள்ள சின்ன பாட்டிலில் போட்டு ஐஸ் பெட்டியில் வைத்துவிட்டு, கண்ணின் மேல் மெல்லிய பிளாஸ்டிக் மூடி பொருத்தி இமையை மூடிவிடுவார்கள். 20 நிமிடம், மிஞ்சினால் அரை மணி நேரம். தூங்குகிற முகம்தான் இருக்கும். 5 முதல் 10 மில்லி ரத்தமும் எடுப்பார்கள். எச்ஐவி, மஞ்சள் காமாலை பி, சி, சிபிலிஸ் சோதனைக்கு அது கட்டாயம். "கண்ணுக்கு வந்துட்டு ரத்தம் எதுக்கு?" என்று கூட்டத்தில் ஒரு குரல் வரும். வீட்டு ஆட்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். இன்னொரு குரல் "டாக்டர் வரலையா?" என்று கேட்கும். 1994 உறுப்பு மாற்றுச் சட்டத்துக்கு 2011-இல் வந்த திருத்தப்படி, பயிற்சி பெற்ற டெக்னீஷியனே கருவிழியை எடுக்கலாம். அடுத்த பிறவியில் குருடாய்ப் பிறப்பார் என்று யாராவது இழுத்தால், கண்ணப்ப நாயனாரை நினைவுபடுத்துங்கள். அதற்கு மேல் அந்த வாதத்தில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இனி நேரக் கணக்கு. கண்ணுக்கு 6 மணி நேரம் என்று எல்லாரும் சொல்வார்கள். அது குழு வீட்டுக்கு வந்து எடுத்து முடிக்கும் நேரம். நீங்கள் போன் பண்ண உள்ள நேரம் என்று நினைத்துவிடக் கூடாது. தோட்டத்துச் சாளையில் ராத்திரி 1 மணிக்கு உயிர் போனால், "விடியட்டும், எல்லாரும் வரட்டும்" என்று உட்காருவதுதான் பெரும்பாலும் காரியத்தைக் கெடுக்கிறது. 6 மணிக்குக் கூப்பிட்டால் ஒரு மணி நேரம்தான் மிச்சம். கோவையிலிருந்து கோபிக்கு வரவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும். ஈரோட்டுப் பக்கமே கண் வங்கி கிடைக்கிறதா என்று இப்போதே விசாரித்து, இரண்டு எண்களைக் காலண்டர் அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். எந்த வங்கியில் பதிவு செய்தார் என்பது முக்கியமில்லை, பக்கத்தில் இருப்பவர்கள் எடுத்தால் போதும். எந்த எண்ணும் கிடைக்காவிட்டால் தமிழக அரசின் 104-க்குக் கூப்பிடலாம். கோவையில் அரவிந்த், சங்கரா இரண்டு கண் மருத்துவமனைகளிலும் கண் வங்கி உண்டு.

போனில் சொல்ல வேண்டியவை: இறந்த நேரம், வயது, எதனால் இறந்தார், என்னென்ன நோய் இருந்தது, வீடு எங்கே. கடைசியதில்தான் நம் பக்கம் சிக்கல். "வாய்க்காப் பாலம் தாண்டி ரெண்டாவது தோப்பு" என்றால் ராத்திரியில் டிரைவருக்குப் புரியாது. வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்புங்கள். ஒரு பையனை பைக்கோடு மெயின் ரோட்டு முக்கில் நிறுத்துங்கள். கட்டி வைக்காத நாய் இருந்தால் கட்டுங்கள்.

குழு வரும்வரை கண்ணைக் காப்பது வீட்டார் வேலை. உயிர் போனதும் இரண்டு இமையையும் மூடி, சுத்தமான தண்ணீரில் நனைத்த பஞ்சை மேலே வையுங்கள். பஞ்சு காய்ந்தால் மறுபடி நனைக்க வேண்டும். தலைக்கு அடியில் தலையணை வைத்து அரை அடி உயர்த்துங்கள், முகத்தில் ரத்தம் தேங்காது. ஃபேனை நிறுத்துங்கள். இதைத்தான் எல்லாரும் மறக்கிறார்கள்: கூட்டம் வருகிறது, புழுக்கமாக இருக்கிறது என்று யாரோ ஒருத்தர் போட்டுவிடுவார். இமை ஒரு கீற்று திறந்திருந்தாலும் காற்றில் கருவிழி உலர்ந்து மேல்தோல் உரியும். ஏசி இருந்தால் போடலாம், உடலை ஐஸ் பெட்டியில் வைப்பதிலும் தவறில்லை. எண்ணெய், சீயக்காய் வைத்துக் குளிப்பாட்டுவதைக் கண் எடுத்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பன்னீர், சந்தனம், விபூதி எதுவும் கண்ணுக்குள் போகக் கூடாது.

இன்னொரு தடை, மருத்துவர் சான்று. ஆஸ்பத்திரியில் இறந்தால் பேப்பர் அங்கேயே கிடைக்கும். வீட்டில் இறந்தால், இறப்பையும் காரணத்தையும் எழுதிக் கையெழுத்துப் போட ஒரு மருத்துவர் வேண்டும். வழக்கமாக அப்பாருக்குச் சர்க்கரை பார்க்கிற டாக்டரிடம், நடு ராத்திரி கூப்பிட்டால் வருவாரா என்று இப்போதே கேட்டு வையுங்கள். அப்பாருடைய மருந்துச் சீட்டுகளையும் கடைசி ரத்தப் பரிசோதனை முடிவையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். குழு அதைத்தான் முதலில் கேட்கும். விபத்து, விஷம், தூக்கு மாதிரி போலீஸ் வழக்காகும் மரணம் என்றால் போலீஸ் சம்மதமும் வேண்டும்.

அப்பாருக்குத் தகுதி உண்டா என்றால், உண்டு. சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, ஆஸ்துமா, கண்ணாடி, புரை அறுவை எதுவும் தடையில்லை. வாங்க மாட்டார்கள் என்பது எச்ஐவி, காமாலை பி, சி, வெறிநாய்க்கடி, ரத்தத்தில் பரவிய கிருமித் தொற்று, ரத்தப் புற்று, மூளைக்காய்ச்சல், காரணமே தெரியாத மரணம் போன்றவற்றுக்கு. ஆனால் ஒன்றை வீட்டில் சொல்லி வையுங்கள்: எடுக்கிற எல்லாக் கருவிழியும் பொருத்தப்படுவதில்லை. உள்பக்கச் சுவரில் இருக்கும் செல்களை வங்கியில் எண்ணுவார்கள். ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 2000-க்குக் குறைந்தால், பார்வைக்காகச் செய்யும் அறுவைக்குப் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். வயதும் பழைய புரை அறுவையும் அந்த எண்ணிக்கையைக் குறைக்கும். அப்படிப்பட்ட கருவிழி, புண்ணால் ஓட்டை விழுந்த கண்ணை அடைக்கவோ, மருத்துவர்கள் பயிற்சிக்கோ போகும். எடுத்தது எவ்வளவு நாள் தாங்கும் என்பது திரவத்தைப் பொறுத்தது: எம்கே மீடியத்தில் 4 நாள், மதுரை அரோலேப் தயாரிக்கும் கார்னிசாலில் 14 நாள்வரை.

தோலுக்கு வருவோம். கோவை கங்கா மருத்துவமனையில் தோல் வங்கி இருக்கிறது. கோபிவரை வருவார்களா என்பதை மட்டும் முதலிலேயே கேட்டுவிடுங்கள், ஏனென்றால் இதற்கும் அதே 6 மணி நேரம்தான், வேலைக்கு முக்கால் மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும். 18 வயதுக்கு மேல் இருந்தால் போதும், ரத்த வகை சேர வேண்டியதில்லை. உரித்து எடுப்பார்கள் என்று நினைத்துத்தான் மக்கள் நடுங்குகிறார்கள். உண்மையில் டெர்மடோம் என்ற கருவியால் தொடை, கால், முதுகிலிருந்து காகிதக் கனத்தில் தோலின் மேலடுக்கை மட்டும் சீவி எடுப்பார்கள். முகம், கை, மார்புப் பக்கம் வர மாட்டார்கள். பேண்டேஜ் சுற்றி வேட்டி கட்டினால் வெளியே ஒன்றும் தெரியாது. எடுத்ததை 85 சதவீதக் கிளிசராலில் போட்டுக் குளிரில் வைத்தால் 5 வருடம் வரை இருக்கும். உடம்பில் பாதி வெந்தவருக்குச் சொந்தத் தோலை எடுத்து ஒட்ட இடமே இருக்காது. அப்போது இந்தத் தோலைப் போர்த்தினால் நீர் வடிவதும் கிருமி ஏறுவதும் வலியும் குறையும். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு அதை ஒதுக்கிவிடும், அதற்குள் சொந்தத் தோல் தேறி வரும். கட்டிலில் நாளாகப் படுத்திருப்பவருக்கு முதுகிலும் இடுப்பிலும் படுக்கைப் புண் வந்தால் அந்த இடத்துத் தோல் உதவாது. இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்க வையுங்கள். இது தானத்துக்காக அல்ல, அப்பாருக்காகவே செய்ய வேண்டியது.

சிறுநீரகம், கல்லீரல், இதயமும் தரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வீட்டில் இதயம் நின்று இறப்பவரிடமிருந்து முடியாது. ரத்த ஓட்டம் நின்ற சில நிமிடங்களிலேயே அவை கெடத் தொடங்கிவிடும். அது ஐசியூவில், வென்டிலேட்டரில் இருக்கும்போது மூளைச்சாவு என்று உறுதியானவருக்கு மட்டும் பொருந்தும். நம் பக்கம் பெரும்பாலும் சேலம் கொச்சி ரோட்டில் ஹெல்மெட் இல்லாமல் விழுந்த பையன்கள்தான். அங்கே நான்கு மருத்துவர் கொண்ட குழு, 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை சோதிக்கும். வென்டிலேட்டரைச் சற்று நேரம் விலக்கி, தானாக மூச்சு எழுகிறதா என்று பார்ப்பது அதில் முக்கியம். இரண்டு முறையும் இல்லையென்றால்தான் குடும்பத்திடம் கேட்பார்கள். சம்மதித்தால் எந்த உறுப்பு யாருக்கு என்பதைத் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையம் வரிசைப்படி ஒதுக்கும். இதயமும் நுரையீரலும் 4 முதல் 6 மணி நேரம், கல்லீரல் 12 மணி நேரம், சிறுநீரகம் ஒரு நாள்வரை தாங்கும். சம்மதத்துக்குப் பிறகு உறுப்பைப் பேணும் செலவைக் குடும்பத்தின் தலையில் கட்டக் கூடாது என்பது விதி, பில்லில் சேர்த்திருந்தால் கேளுங்கள். உடல் கைக்கு வர ஒரு நாள்கூட ஆகலாம், அதையும் உறவினரிடம் சொல்லிவிடுங்கள். 2023 செப்டம்பரிலிருந்து உறுப்பு தந்தவருக்குத் தமிழகத்தில் அரசு மரியாதையோடு இறுதிச் சடங்கு நடக்கிறது. ஐசியூவில் இருப்பவர் கண்ணுக்கும் ஒரு கவனிப்பு வேண்டும்: இமை அரைகுறையாகத் திறந்தபடி நாள்கணக்கில் கிடந்தால் கருவிழி புண்ணாகிவிடும். மருந்து விட்டு இமையை மூடி டேப் ஒட்டச் சொல்லி நர்ஸிடம் கேட்கத் தயங்க வேண்டாம்.

கடைசியாக, கேட்காத ஒன்று. இந்தக் கருவிழிகள் பலவும் போய்ச் சேர்வது நம் தோட்டங்களில் பழுதான கண்களுக்குத்தான். கரும்புத் தோகை கிழிப்பது, தென்னை மட்டைத் தூசு, பால் கறக்கும்போது மாட்டு வால் அடிப்பது, கிரைண்டிங் பட்டறையில் தெறிக்கும் இரும்புத் துகள். காயம் சின்னது, ஆனால் தாவரத்தோடு பூஞ்சை உள்ளே போகும். அதன் மேல் தாய்ப்பால், விளக்கெண்ணெய், பச்சிலைச் சாறு விட்டால் கிருமிக்குத் தீனி. அதைவிட மோசம், மெடிக்கலில் "கண்ணு சிவந்திருக்கு" என்று சொல்லி வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு: சிவப்பு குறையும், பூஞ்சை உள்ளே பரவும். உறுத்தலும் வெளிச்சம் பட்டால் கூச்சமும் இருந்தால் அன்றைக்கே கண் டாக்டரிடம் போய்ப் புண்ணைச் சுரண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். பூஞ்சை என்றால் நேட்டமைசின் சொட்டை மணிக்கொருதரம் விட வேண்டியிருக்கும், வாரக்கணக்கில். வெற்றிலைச் சுண்ணாம்பு குழந்தை கண்ணில் பீச்சிவிட்டால் டாக்டரைத் தேடி ஓடாதீர்கள். முதலில் கட்டியை நனைத்த துணியால் எடுத்துவிட்டு, இமையை விரித்துப் பிடித்துக் குழாய்த் தண்ணீரில் அரை மணி நேரம் கழுவுங்கள். அதற்குப் பிறகு வண்டியை எடுங்கள்.

தானம் முடிந்த பிறகு வங்கியிலிருந்து சான்றிதழ் வரும். யாருக்குப் பொருத்தினார்கள் என்ற பெயரைச் சொல்ல மாட்டார்கள். பொருத்தினார்களா இல்லையா என்று கேட்டால் சொல்வார்கள், கேளுங்கள்.