பழைய சீட்டு எங்கே? மருத்துவ முகாம் கேள்வி–பதில்

ஆவணி பிறந்தால் மதுரையில் முகாம்கள் வரிசைகட்டத் தொடங்கிவிடும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ரத்ததானமும் கண்ணும்தான். ஒரே விஷயத்தைக் கேட்ட நாலைந்து பேருக்குச் சேர்த்து ஒரே பதிலாக எழுதியிருக்கிறேன்.

அம்மாவுக்கு 78 வயது. சர்க்கரை உண்டு. இரண்டு கண்ணிலும் புரை ஆபரேஷன் செய்து லென்ஸ் வைத்திருக்கிறது. கண்தானத்துக்குப் பெயர் கொடுக்க ஆசைப்படுகிறார். ஏற்றுக்கொள்வார்களா? (திருநகர்)

தாராளமாக ஏற்றுக்கொள்வார்கள். தானமாக எடுத்து இன்னொருவருக்குப் பொருத்துவது கருவிழிப் படலத்தை. லென்ஸ் அதற்குப் பின்னால் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கண்ணாடி, வயது எதுவும் தடையில்லை. வெறிநாய்க்கடி, எச்ஐவி, மஞ்சள் காமாலை பி மற்றும் சி, ரத்தப் புற்றுநோய் போன்றவை இருந்தால்தான் மறுப்பார்கள்.

ஆகஸ்ட் 25 முதல் செப்டம்பர் 8 வரை தேசிய கண்தான இருவாரம். அப்போது படிவம் கொடுப்பார்கள், எழுதித் தரலாம். ஆனால் படிவத்தோடு வேலை முடிந்துவிடாது. உயிர் பிரிந்ததும் கண் வங்கிக்குப் போன் போட வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நீங்கள்தான். ஆறு மணி நேரத்துக்குள் எடுத்தாக வேண்டும். அதுவரை ஃபேனை நிறுத்திவிட்டு, இமையை மூடி ஈரப் பஞ்சு வைத்து, தலைக்கு ஒரு தலையணை கொடுத்துச் சற்று உயர்த்தி வையுங்கள். வீட்டுக்கே வந்து இருபது நிமிஷத்தில் முடித்துவிடுவார்கள், முகம் மாறாது. அழுகையும் சொந்தபந்தமும் சூழ்ந்த நேரத்தில் யாரும் நம்பர் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கே பெரிய எழுத்தில் எழுதி பீரோ கதவில் ஒட்டுங்கள். அண்ணன் தம்பி, மாமன் மச்சான் எல்லோருக்கும் அம்மாவே தன் வாயால் சொல்லி வைக்கட்டும். கடைசி நேரத்தில் ஒரு பெரியப்பா 'வேண்டாம்' என்று சொல்லித் திருப்பி அனுப்பியதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்து வரும் நல்ல முகாம் எங்கே, எப்போது? உடனே தெரிவிக்கவும். (மதுரை)

எதற்கான முகாம்? யாருக்கு? என்ன வயது? மதுரையில் எந்தப் பக்கம்? ஒன்றுமே எழுதாமல் 'உடனே' என்று மட்டும் எழுதினால் நான் என்ன சொல்வது? அடுத்த முறை நாலு வரி எழுதுங்கள்.

பொதுவாகச் சொன்னால், இந்த நாட்களை ஒட்டித்தான் முகாம்கள் நடக்கும்: செப்டம்பர் 28 வெறிநாய்க்கடி தினம், மறுநாள் இதய தினம், அக்டோபர் 1 தன்னார்வ ரத்ததான தினம், அக்டோபர் இரண்டாம் வியாழன் பார்வை தினம், நவம்பர் 14 நீரிழிவு தினம், டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம். அக்டோபர் முழுக்க மார்பகப் புற்றுநோய் பரிசோதனைகள் உண்டு. இடமும் நேரமும் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் தெரியும். வாட்ஸ்அப்பில் வரும் நோட்டீஸை நம்பி ஷேர் ஆட்டோ பிடித்துவிடாதீர்கள். அதில் தேதி இருக்கும், வருஷம் இருக்காது. பாதிக்குப் பாதி போன வருஷத்து நோட்டீஸ்.

வெறும் வயிற்றில் சர்க்கரை பார்க்க வரும்போது சர்க்கரை போடாத காப்பி குடிக்கலாமா? (அனுப்பானடி)

கூடாது. எட்டு மணி நேரத்துக்குத் தண்ணீர் மட்டும்தான்.

போன மாதம் ஒரு முகாமில் சர்க்கரை 212. அதற்கு முன் வேறொரு முகாமில் 190. வரப்போகும் முகாமிலும் ஒருமுறை பார்த்து உறுதி செய்துகொள்ளலாம் என்றிருக்கிறேன். சரியா? (ஆரப்பாளையம்)

சரியில்லை. மூன்றாவது முகாம் எதற்கு? விரல் நுனியில் குத்திப் பார்ப்பது சந்தேகத்துக்குரியவர்களைச் சலித்தெடுக்கத்தான். நீங்கள் இரண்டு முறை சல்லடையில் நின்றுவிட்டீர்கள். நாளைக் காலை வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். வெறும் வயிற்றில் 126-ஓ அதற்கு மேலோ, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 200-ஓ அதற்கு மேலோ, அல்லது மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.5-ஓ அதற்கு மேலோ இருந்தால் அது சர்க்கரை நோய்தான். மாத்திரை அங்கேயே இலவசம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பதிந்தால் பிரஷர், சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்து தருகிறார்கள்.

போகும்போது அந்த இரண்டு சீட்டையும் எடுத்துப் போங்கள். இந்தப் பகுதியில் ஒவ்வொரு முறையும் சொல்கிறேன், இந்த முறையும் சொல்கிறேன்: பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள். சட்டைப் பையில் வைத்தது சலவைக்குப் போய்விட்டது என்று வருகிறவர்கள் அதிகம். ஒரு பாலிதீன் கவரில் போட்டு ரேஷன் கார்டோடு வையுங்கள்.

நாங்கள் செல்லூர் பக்கத்து இளைஞர் மன்றம். அக்டோபர் 1 அன்று ஒரே நாளில் 300 பேர் ரத்தம் கொடுக்கும் மாபெரும் முகாம் நடத்தத் திட்டம். வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ஹாட் பாக்ஸ். வேறென்ன ஏற்பாடு செய்ய வேண்டும்?

தம்பிகளா, மனசு பெரிது. திட்டத்தை மாற்றுங்கள்.

ரத்தம் அரிசி மூட்டை மாதிரி அடுக்கி வைக்கிற பொருள் இல்லை. கொடுக்கும் பையிலிருந்து சிவப்பணு, தட்டணு (பிளேட்லெட்), பிளாஸ்மா என்று பிரித்தெடுக்கிறார்கள். பிளாஸ்மாவை உறைய வைத்து ஒரு வருஷம் வரை காப்பாற்றலாம். சிவப்பணு ஐந்தாறு வாரம் தாங்கும். தட்டணுவுக்கு ஆயுள் ஐந்தே நாள். ஒரே நாளில் 300 பை சேர்ந்தால் தட்டணுவில் பெரும்பகுதி வீணாகத்தான் போகும். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. அன்று கொடுத்த ஆண்கள் மூன்று மாதத்துக்கும் பெண்கள் நான்கு மாதத்துக்கும் மறுபடி கொடுக்க முடியாது. மழைக்காலத்தில் டெங்கு வந்து தட்டணுவுக்கு ஓடும்போது, அந்தப் பகுதியில் கொடுக்கத் தகுதியுள்ள ஆட்கள் எல்லோரும் ஒட்டுமொத்தமாக ஓய்வில் இருப்பார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கல்யாண மண்டபத்தில் இப்படி ஒரு பிறந்தநாள் முகாம். பன்னிரண்டு கட்டில், வாசல் வரை வரிசை. பத்தொன்பது வயதுப் பையன் ஒருவன் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வந்து நாலு மணி நேரம் நின்றிருக்கிறான். ரத்தம் கொடுத்து எழுந்த கையோடு, ஜூஸ்கூடக் குடிக்க விடாமல், போட்டோவுக்கு மேடையேற்றினார்கள். மூன்றாவது படியில் அப்படியே சரிந்தான். மோவாயில் நாலு தையல். என் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், வீட்டுக்குச் சொல்லிடாதீங்க, இனிமே இந்தப் பக்கமே வர மாட்டேன்" என்றான். வாழ்நாளில் ஐம்பது முறை கொடுத்திருக்க வேண்டிய பையனை அன்றோடு இழந்துவிட்டோம். அடுத்த மே மாதம், பிரசவத்தில் ரத்தப்போக்கு நிற்காத ஒரு பெண்ணுக்கு ஓ பாசிட்டிவ் தேடி, அதே முகாமை நடத்தியவருக்குப் போன் போட்டேன். "இனி அடுத்த வருஷம் அண்ணன் பிறந்தநாளுக்குத்தான் சார்" என்றார். நல்ல மனிதர்தான். ரத்தம் என்பது ஒரு நாள் விசேஷம் என்று யாரோ அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அதுதான் என் வருத்தம்.

ஆகவே 300 பெயரையும் ஐம்பது ஐம்பதாக ஆறு பட்டியல் போடுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒரு பட்டியல். அதில் ஒன்று கண்டிப்பாகச் சித்திரை, வைகாசியில் வரட்டும். கல்லூரிகளுக்கு லீவு விட்டு, ஊரே திருவிழாவில் இருக்கிற அந்த நாட்களில்தான் ரத்த வங்கி ஃப்ரிட்ஜ் காலியாகிறது. பிறவியிலேயே ரத்தம் சரியாக ஊறாத தலசீமியா குழந்தைகளுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்றியே ஆக வேண்டும், திருவிழா என்று நிறுத்தி வைக்க முடியாது. எத்தனை பை வேண்டும், எந்தக் குரூப் குறைவு என்பதை உரிமம் உள்ள ரத்த வங்கியிடம் முன்கூட்டியே கேட்டுவிட்டுத் தேதி வையுங்கள்.

ஹாட் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். பரிசுக்காக வருகிறவர் உண்மையை மறைப்பார். போன மாதம் காமாலை வந்ததை, பச்சை குத்தி ஒரு வருஷம் ஆகாததைச் சொல்ல மாட்டார். ஒவ்வொரு பையையும் எச்ஐவி, காமாலை பி, சி, மேகநோய், மலேரியா என்று ஐந்துக்குச் சோதிக்கிறார்கள், உண்மை. ஆனால் கிருமி தொற்றிய புதிதில் சோதனையில் தெரியாத சில நாட்கள் உண்டு. அந்த நாட்களில் நோயாளியைக் காப்பாற்றுவது கொடுப்பவரின் நேர்மை ஒன்றுதான். ஹாட் பாக்ஸ் காசில் எல்லோருக்கும் காலையில் இட்லி போடுங்கள். கொடுத்த பிறகு கால் மணி நேரம் உட்கார வையுங்கள், மேடையே வேண்டாம். வயது 18-க்கு மேல், எடை 45 கிலோவுக்கு மேல், ஹீமோகுளோபின் 12.5-க்கு மேல். இதில் ஒன்று குறைந்தாலும் 'பரவாயில்லை டாக்டர், எடுங்க' என்று கெஞ்சக் கூடாது.

ஆகஸ்ட் 10 குடற்புழு நீக்க நாளில் பிள்ளைக்குக் காய்ச்சல், மாத்திரை கொடுக்கவில்லை. அடுத்து பிப்ரவரி வரை காத்திருக்க வேண்டுமா? (மேலூர்)

வேண்டாம். விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுத்திருப்பார்கள். அதையும் தவறவிட்டிருந்தால் அங்கன்வாடியிலோ செவிலியரிடமோ கேளுங்கள். இரண்டு வயதுக்கு மேல் ஒரு மாத்திரை, ஒன்று முதல் இரண்டு வரை அரை மாத்திரை. அப்படியே விழுங்கக் கூடாது, மென்று தின்ன வேண்டும்; சின்னக் குழந்தை என்றால் பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுங்கள்.

மகனுக்குக் காது கேட்பது குறைவு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காக இரண்டு முகாமுக்கு அலைந்தும் 'இன்று ஆகாது' என்று அனுப்பிவிட்டார்கள். (வாடிப்பட்டி)

உங்கள் அலைச்சல் புரிகிறது அம்மா. முகாமுக்கு எல்லாத் துறை டாக்டரும் எல்லா நாளும் வருவதில்லை. கிளம்பும் முன் 'காது மூக்கு தொண்டை டாக்டர் வருகிறாரா' என்று மட்டும் விசாரியுங்கள். காது கேட்கும் அளவைப் பார்க்கச் சத்தம் புகாத அறை வேண்டும், பந்தலில் முடியாது. அரசு ராஜாஜி மருத்துவமனையில் ஆடியோகிராம் எடுத்து வைத்துக்கொண்டு முகாமுக்குப் போனால் வேலை பாதியாகிவிடும். பெரும்பாலான சலுகைகளுக்குக் குறைபாடு 40 சதவீதம் இருக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, கூடவே பழைய சீட்டுகள் எல்லாம்.

இதய முகாமில் ஈசிஜி நார்மல். இனிப் பயமில்லையே? (கே.கே. நகர்)

அந்த நிமிஷம் நார்மல், அவ்வளவுதான். மாடி ஏறும்போது நெஞ்சு அழுத்தினால் அந்த ஈசிஜியைக் காட்டி மனசைத் தேற்றிக்கொள்ளாமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

பேரனைத் தெருநாய் லேசாகக் கடித்துவிட்டது. மஞ்சள் வைத்திருக்கிறோம். செப்டம்பர் 28 முகாமில் ஊசி போடுவார்களா?

இந்தக் கடிதத்தைப் படித்த நிமிஷமே அதிலிருந்த எண்ணுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக எழுதுகிறேன். அன்றைக்கு நடக்கும் பெரும்பாலான முகாம்கள் நாய்களுக்கு ஊசி போட. கடிபட்ட பிள்ளைக்கு ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. குழாயைத் திறந்து விட்டு, சோப்புப் போட்டு, கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப் பொடி, காப்பித்தூள் எதுவும் வேண்டாம். அன்றே அரசு மருத்துவமனை. தோலில் போடும் ஊசி என்றால் முதல் ஊசி போடும் நாளைப் பூஜ்யம் என்று வைத்து, பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்தும் போட வேண்டும். 'லேசாக' என்று ஒரு கடி கிடையாது. வெறிநோய் வெளிப்பட்டபின் பிழைப்பது அரிதிலும் அரிது. இதில் மட்டும் நான் கோபப்பட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு வயது 70. ஒரு கண்ணில் புரை. 'இன்னும் பழுக்கட்டும், பிறகு எடுக்கலாம்' என்கிறார்கள். அடுத்த கண் முகாமுக்கு அழைத்துப் போகலாமா? (சோழவந்தான்)

அழைத்துப் போங்கள். 'பழுக்கட்டும்' என்பது அந்தக் காலத்துப் பேச்சு. அப்போது புரையை லென்ஸோடு எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்தார்கள், அதனால் முடிந்தவரை காத்திருந்தார்கள். 1976-ல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை, 1992-ல் ஆரோலேப் என்ற தன் தயாரிப்பு நிறுவனம் வழியாகச் செயற்கை லென்ஸை மதுரையிலேயே செய்ய ஆரம்பித்தது. விலை சரிந்து, முகாமில் வருகிற ஏழைக்கும் உள்ளேயே லென்ஸ் கிடைத்தது. இப்போது அன்றாட வேலைக்குத் தடையாக இருந்தாலே எடுத்துவிடலாம். ரொம்ப முற்றவிட்டால் புரை வீங்கிக் கண்ணழுத்தம் ஏறி, நரம்பே கெட்டுப்போகலாம்.

கண் முகாமுக்குப் பட்டினி கிடக்க வேண்டாம். சாப்பிட்டு, வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொண்டு வரட்டும். சர்க்கரையும் பிரஷரும் எகிறியிருந்தால் அன்று ஆபரேஷனுக்கு எடுக்க மாட்டார்கள், பஸ்ஸில் ஏற்றாமல் விட்டுவிட்டார்களே என்று சண்டை போடாதீர்கள். தேர்வானால் அன்றே கூட்டிப்போய், இரண்டு மூன்று நாளில் திரும்பக் கொண்டு வந்து விடுவார்கள். இரண்டு வேட்டி சட்டை, ஆதார், சாப்பிடும் மாத்திரைகள் அட்டையோடு, பழைய சீட்டு, உங்கள் போன் நம்பர் எழுதிய தாள். ஒரு மாதம் கழித்து மறு பரிசோதனைக்கு ஒரு தேதி தருவார்கள். கண் நன்றாகத் தெரிகிறதே என்று அப்பா தட்டிக்கழிப்பார், அந்தத் தேதியை நீங்களும் காலண்டரில் குறித்து வையுங்கள்.