கனவுக் கல்லூரிக்கு நடுவில் மாற முடியுமா? – வாசகர் கேள்விகள்

அண்ணா பல்கலைக்கழக இணைப்பு பெற்ற தனியார் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு இ.சி.இ. படிக்கிறேன். சி.ஜி.பி.ஏ. 9.1, அரியர் கிடையாது. சென்னை ஐ.ஐ.டி.யில் படிக்க வேண்டும் என்பது பள்ளி நாள் ஆசை. மூன்றாம் ஆண்டில் அங்கே மாற்றல் வாங்க வழி உண்டா? இல்லையென்றால் கிண்டி சி.இ.ஜி.க்காவது?
– மாணவர், நாமக்கல்

ஐ.ஐ.டி.யில் மாற்றல் என்ற ஏற்பாடே இல்லை. பி.டெக்.கில் வெளியிலிருந்து ஒருவர் நுழைவது முதலாண்டில் மட்டும்தான், அதுவும் பெரும்பாலும் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. அட்வான்ஸ்டு ரேங்க்கை வைத்துத்தான். சி.ஜி.பி.ஏ. 10 இருந்தாலும் இதே பதில். 2021-ல் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) கொண்டுவந்த கிரெடிட் வங்கியைக் காட்டி, ‘இனி எங்கே வேண்டுமானாலும் மாறலாம்’ என்று சிலர் சொல்வார்கள். அது படித்து முடித்த பாடங்களுக்கான புள்ளிகளை, அதாவது கிரெடிட்டைச் சேமித்து வைக்கும் கணக்குதான். சேர்க்கையை அந்தந்த நிறுவனம்தான் தீர்மானிக்கும்.

அட்வான்ஸ்டை மறுபடி எழுதலாமா என்றால், பிளஸ் டூ எழுதிய வருடமும் அதற்கு அடுத்த வருடமும் மட்டுமே எழுத முடியும். நீங்கள் இரண்டாம் ஆண்டில் இருப்பதால் அந்தக் கதவு மூடிவிட்டது. அட்வான்ஸ்டுக்கு முந்தைய கட்டத் தேர்வான ஜே.இ.இ. மெயினை மூன்று வருடம் தொடர்ந்து எழுதலாம் என்பதால் என்.ஐ.டி.க்கு இன்னும் ஒரு வாய்ப்பு இருக்கலாம். ஆனால் அங்கே மறுபடி முதலாண்டிலிருந்து தொடங்க வேண்டும். 9.1 வாங்கிய இரண்டு வருடத்தைத் தூக்கிப் போட்டுவிட்டு அதைச் செய்யச் சொல்ல மாட்டோம்.

சி.இ.ஜி. (கிண்டி பொறியியல் கல்லூரி), எம்.ஐ.டி. (குரோம்பேட்டை), ஏ.சி.டி. (அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி) ஆகியவை அண்ணா பல்கலைக்கழகத்தின் சொந்த வளாகங்கள். பாடத்திட்டமும் தேர்வும் தனி. இணைப்புக் கல்லூரிகளுக்கிடையே நடக்கும் மாற்றலை நம்பி அங்கே நுழையலாம் என்று எண்ண வேண்டாம். அந்த இணைப்புக் கல்லூரி மாற்றலும் எளிதல்ல. போகும் கல்லூரியில் அதே பிராஞ்சில் காலியிடம் வேண்டும், இரண்டு கல்லூரியும் தடையில்லாச் சான்று தர வேண்டும், மேலே ஒப்புதல் வர வேண்டும். சொந்தப் பாடத்திட்டம் வைத்திருக்கும் தன்னாட்சிக் கல்லூரி குறுக்கே வந்தால் பாடங்கள் பொருந்தாமல், விட்டுப்போன பேப்பர்களைத் தனியாக எழுதச் சொல்வார்கள். பெரும்பாலும் சிக்கல் இங்கேதான். முதல் கல்லூரி சான்று தர இழுத்தடிக்கும், அதற்குள் செமஸ்டர் தொடங்கிவிடும்.

உங்களுக்குத் திறந்திருக்கும் பெரிய கதவு, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு. அதை மூன்றாம் ஆண்டிலேயே எழுதலாம், மதிப்பெண் மூன்று வருடம் செல்லும். 65 கேள்வி, 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். இ.சி. பேப்பரில் பொதுத் திறனுக்கு 15, கணிதத்துக்கு 13, மீதி 72 பாடத்துக்கு. நெட்வொர்க்ஸ், சிக்னல்ஸ், அனலாக், டிஜிட்டல், கன்ட்ரோல், எலக்ட்ரோமேக்னடிக்ஸ் எல்லாம் ஐந்தாம் செமஸ்டருக்குள் நீங்கள் படிக்கும் பாடங்களே. செமஸ்டர் தேர்வுக்கு யூனிட் வாரியாகக் கேள்வி–பதில் மனப்பாடம் செய்யும் பழக்கம் இங்கே உதவாது. அந்தந்தப் பாடம் நடக்கும்போதே பழைய கேட் கணக்குகளைப் போட்டுப் பார்த்தால் இரட்டை வேலை மிச்சம். கேட் வழியாக எம்.டெக். சேர்பவர்களுக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை உண்டு. ஐ.ஐ.டி. இடங்களுக்கான அழைப்பு ‘கோப்’ என்ற பொது இணையதளம் வழியாக வரும். ஆனால் ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் முன்கூட்டியே தனித்தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ‘கோப்’ தளத்தில் பதிவு செய்தால் போதும் என்று நினைத்துக் கோட்டைவிடுபவர்கள் உண்டு.

இன்னொரு கதவு சென்னை ஐ.ஐ.டி.யின் பி.எஸ். பட்டம். டேட்டா சயின்ஸ், எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் போன்ற பாடங்களில் உண்டு. ஜே.இ.இ. தேவையில்லை. நான்கு வாரப் பாடம், வாராந்திரப் பயிற்சிகள், பிறகு நேரில் எழுதும் தகுதித் தேர்வு. வகுப்பு இணையத்தில், தேர்வு மையத்தில். ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்க 2022-ல் யு.ஜி.சி. அனுமதித்துவிட்டதால் பி.இ.யோடு சேர்த்தே படிக்கலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணச் சலுகை உண்டு. இது பி.டெக். அல்ல, விடுதி வாழ்க்கையும் கிடையாது. பட்டம் ஐ.ஐ.டி. பெயரில் வருகிறது என்பதற்காக மட்டும் சேர்ந்தால் இரண்டாவது டெர்மிலேயே அலுத்துவிடும். டேட்டா சயின்ஸுக்கு முதல் படியில் புள்ளியியலும் பைத்தானும் கணிசமாக இருக்கும்.

மார்ச்சில் பிளஸ் டூ முடித்தேன். ஜே.இ.இ. மெயினில் 88 பெர்சென்டைல். அட்வான்ஸ்டுக்குத் தகுதி வரவில்லை. நான் பி.சி. பிரிவு, ஆனால் பொதுப் பிரிவில்தான் விண்ணப்பித்தேன். இப்போது கோவையில் ஒரு நல்ல கல்லூரியில் முதலாண்டு. விட்டுவிட்டு ஒரு வருடம் வீட்டில் இருந்து படிக்கலாமா, படித்துக்கொண்டே எழுதலாமா?
– மாணவர், திருப்பூர்

முதலில் சான்றிதழ் விஷயம். 2025-ல் அட்வான்ஸ்டு எழுத பொதுப் பிரிவுக்குத் தேவைப்பட்டது 93.10 பெர்சென்டைல். ஓ.பி.சி. நான்-கிரீமி லேயருக்கு (வருமான வரம்புக்குள் வரும் இதர பிற்படுத்தப்பட்டோர், சுருக்கமாக என்.சி.எல்.) 79.43. உங்கள் 88-க்கு என்ன நடந்தது என்று புரிகிறதா? தமிழக அரசின் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் மத்திய நிறுவனங்களில் செல்லாது. மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி.–என்.சி.எல். சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். அதுவும் சேர்க்கை நடக்கும் வருடத்தின் ஏப்ரல் 1-க்குப் பிறகு வழங்கப்பட்டதாக இருக்க வேண்டும், பழையது வேண்டாம் என்பார்கள். தமிழகப் பட்டியலில் உள்ள எல்லாச் சாதிகளும் மத்தியப் பட்டியலில் இல்லை, அதைச் சரிபாருங்கள். வருமான வரம்பு வருடத்துக்கு 8 லட்சம். அந்தக் கணக்கில் பெற்றோரின் சம்பளமும் விவசாய வருமானமும் சேராது, ஆனால் அரசுப் பணியில் இருந்தால் பதவி நிலையைத் தனியாகப் பார்ப்பார்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் ‘வருமானம் அதிகம்’ என்று திருப்பி அனுப்பினால் இந்த விதியை எடுத்துச் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. கல்லூரியை விடாதீர்கள், அங்கிருந்தே எழுதுங்கள். உங்களுக்கு அட்வான்ஸ்டு வாய்ப்பு வரும் வருடம் ஒன்றுதான். வேறு கல்லூரியில் படிப்பது தடையல்ல. ஐ.ஐ.டி. இடத்தை ஏற்றுச் சேர்ந்தவர்கள்தான் மறுபடி எழுத முடியாது. பிளஸ் டூவில் 75 சதவீதம், இல்லையென்றால் உங்கள் போர்டில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் இருப்பது அவசியம்.

வீட்டில் உட்கார்ந்து படிப்பவருக்கு நாள் முழுக்க நேரம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அதனால் எல்லாவற்றையும் முதலிலிருந்து படிக்க முயன்றால் இரண்டிலும் கால்வாசி தேறும். மெயின் தேர்வில் 75 கேள்வி, 300 மதிப்பெண், சரிக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. எண்ணாக விடை தரும் கேள்விகளுக்கும் இப்போது மைனஸ் உண்டு. ஸ்டேட் போர்டில் படித்தவர்கள் பெரும்பாலும் அடிவாங்குவது பாடம் தெரியாமல் அல்ல, தெரியாத கேள்வியை விடத் தெரியாமல். உங்கள் போன தேர்வின் விடைத்தாளை இறக்கி எத்தனை மைனஸ் என்று எண்ணுங்கள். பத்துக்கு மேல் இருந்தால் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

வாரநாளில் இரண்டு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேர மாதிரித் தேர்வு ஒன்று, அதே நாளில் அதன் தவறுகளைத் திருத்தல். இது போதும். இனார்கானிக் வேதியியலுக்கு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தைத் தாண்டாதீர்கள். முதல் செமஸ்டர் கால்குலஸ் ஓரளவு கைகொடுக்கும். மெயினைத் தமிழ் வினாத்தாளோடு எழுதலாம். அட்வான்ஸ்டு ஆங்கிலம், ஹிந்தியில் மட்டும்தான் என்பதால் பயிற்சியை ஆங்கிலத்தில் செய்துவிடுங்கள்.

வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. கிளாஸை கட் அடித்துப் படித்து, இரண்டாம் செமஸ்டர் தேர்வு எழுத முடியாமல் நின்றவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. ஜனவரியில் நடக்கும் மெயின் தேர்வின் முடிவு வந்ததும் உட்கார்ந்து யோசியுங்கள். 88-லிருந்து நகரவே இல்லையென்றால் அந்தத் திட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு செமஸ்டரைப் பாருங்கள். ஓ.பி.சி. சான்றிதழோடு 88 உங்களை அட்வான்ஸ்டு அறைக்குள் கொண்டுபோகும், ஆனால் அங்கே இடம் வாங்கித் தராது.

மகளின் பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு 192. கிண்டியில் மைனிங், ஜியோஇன்ஃபர்மேட்டிக்ஸ் மாதிரி கிடைக்கலாம் என்கிறார்கள். கோவை, மதுரைப் பக்கம் நல்ல கல்லூரியில் இ.சி.இ. கிடைக்கலாம். கிண்டியில் சேர்ந்துவிட்டு அடுத்த வருடம் பிராஞ்ச் மாற்றிக்கொண்டால் என்ன?
– பெற்றோர், சிவகாசி

பிராஞ்ச் மாற்றத்தை நம்பிச் சேராதீர்கள். பல ஐ.ஐ.டி.க்களே அதைக் கைவிட்டு வருகின்றன. பிலானி பிட்ஸ் மாதிரி முதலாண்டு சி.ஜி.பி.ஏ.வை வைத்து மாற்றம் தரும் இடங்களிலும் அது சிலருக்குத்தான் கிடைக்கும். ‘தற்காலிகமாக’ ஒரு கல்லூரி, ‘தற்காலிகமாக’ ஒரு பிராஞ்ச் என்பது இங்கே கிட்டத்தட்ட எப்போதுமே நான்கு வருடம்தான்.

அப்படியானால் கிண்டியா இ.சி.இ.யா? மகளுக்கு மைனிங்கிலோ நிலவரைபடத் தொழில்நுட்பத்திலோ ஆர்வம் இருந்தால் கிண்டியை யோசிக்காமல் எடுங்கள். ஆர்வம் இல்லை, மென்பொருள் வேலைதான் நோக்கம் என்றால் இன்னொன்றையும் விசாரியுங்கள். பல்கலைக்கழக வளாகங்களுக்கு வரும் நிறுவனங்களில் சில, கம்ப்யூட்டர், ஐ.டி., எலக்ட்ரிகல் சார்ந்த பிராஞ்சுகளை மட்டுமே தேர்வில் உட்கார விடும். அங்கே இப்போது இறுதியாண்டு படிக்கும் அதே பிராஞ்ச் மாணவர் இருவரிடம், ‘உங்களை எத்தனை கம்பெனி எழுதவிட்டது?’ என்று கேளுங்கள். கல்லூரியின் மொத்த பிளேஸ்மென்ட் கணக்கு இதற்குப் பதில் சொல்லாது.

பொறியியல் கலந்தாய்வுக்கான சாய்ஸ் பட்டியலை (விரும்பும் கல்லூரி, பிராஞ்ச் வரிசை) இணையதளம் திறக்கும் முன்பே காகிதத்தில் எழுதி முடித்துவிடுங்கள், உங்கள் சுற்றில் அதைப் பதிய மூன்று நாள்தான். எத்தனை சாய்ஸ் வேண்டுமானாலும் போடலாம். மேலே இருப்பது கிடைக்குமா என்று கணக்குப் போட்டு வரிசையை மாற்றாதீர்கள். பிடித்ததை மேலேயே வையுங்கள், கிடைக்காததை மேலே போட்டதால் கீழே இருப்பது பறிபோகாது. கல்லூரிக் குறியீடு, பிராஞ்ச் குறியீடு இரண்டையும் பாருங்கள். கிண்டி 1, எம்.ஐ.டி. 4, பி.எஸ்.ஜி. டெக் 2006. ஒரே கல்லூரியில் ஒரே பாடம், எஸ்.எஸ். என்ற சுயநிதிப் பிரிவில் வேறு குறியீட்டோடு வரும். கட்டணம் மிக அதிகம். அதைக் கவனிக்காமல் மேலே போட்டுவிட்டு, ஒதுக்கீடு வந்தபின் அதிர்ச்சியடைபவர்கள் பலர். மாறாக, அதைச் சேர்க்க மறந்து இடத்தை விடுபவர்களும் உண்டு.

ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல இரண்டு நாள். ‘ஏற்றுக்கொண்டு மேலே நகர விருப்பம்’ என்று கொடுத்தால், மேலே உள்ள சாய்ஸ் காலியானதும் தானாக மாற்றிவிடும், பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது. அதனால் நிஜமாகவே பிடித்தவை மட்டும் மேலே இருக்கட்டும்.

சென்னையில் பி.இ. இரண்டாம் ஆண்டு. ஸ்டான்ஃபோர்டுக்கு மாற முடியுமா? அமெரிக்காவில் டிரான்ஸ்பர் சாதாரணம் என்கிறார்களே?
– மாணவி, தாம்பரம்

அங்கே அது நிஜமான வழிதான், ஆனால் யாருக்கு என்பதைப் பார்க்க வேண்டும். கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் மாற்றலாகச் சேர்பவர்களில் பெரும்பாலோர் அந்த மாநிலத்தின் கம்யூனிட்டி கல்லூரிகளில் இரண்டு வருடம் படித்தவர்கள். அவர்களுக்கே முன்னுரிமை. ஸ்டான்ஃபோர்டில் மாற்றலுக்கு விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஓரிருவருக்குத்தான் இடம். ஹார்வர்டும் வருடத்துக்கு ஒரு சிலரைத்தான் எடுக்கிறது. பிரின்ஸ்டன் 1990-ல் நிறுத்திய மாற்றல் சேர்க்கையை 2018-ல்தான் மறுபடி தொடங்கி, அந்த வருடம் 13 பேருக்கு இடம் தந்தது.

ஹார்வர்டு, யேல் இரண்டும் இரண்டு வருடத்துக்கு மேல் கல்லூரிப் படிப்பு முடித்தவரை ஏற்பதில்லை. நீங்கள் அந்த எல்லையில் நிற்கிறீர்கள். மூன்றாம் ஆண்டு ஏறிவிட்டால் அங்கே கேட்கவே முடியாது. மாற்றல் விண்ணப்பங்கள் பொதுவாக மார்ச்சில் முடியும். அதற்குக் கல்லூரி மதிப்பெண் பட்டியல், பள்ளி மதிப்பெண், நடப்பு செமஸ்டர் மதிப்பெண் அறிக்கை, இரண்டு பேராசிரியர் பரிந்துரை, கல்லூரி அலுவலகம் நிரப்பும் படிவம் ஆகியவை வேண்டும். இந்தக் கடைசி இரண்டில்தான் நம் மாணவர்கள் திணறுகிறார்கள். அறுபது பேர் வகுப்பில் உங்களை மதிப்பெண்ணால் மட்டும் தெரிந்த ஆசிரியர் எழுதும் பரிந்துரை எடுபடாது. ப்ராஜெக்ட்டில் உங்களோடு வேலை பார்த்தவரிடம் ஜனவரியிலேயே கேளுங்கள். ஒவ்வொரு பாடத்தின் சிலபஸையும் எடுத்து வையுங்கள், கிரெடிட் எவ்வளவு ஏற்பார்கள் என்பது அதைப் பார்த்துத்தான்.

பணம் பற்றி ஒன்று, கவனமாகப் படியுங்கள். வெளிநாட்டு மாணவர் உதவித்தொகை கேட்டால் ஸ்டான்ஃபோர்டு அதையும் சேர்த்துப் பார்த்தே முடிவெடுக்கும். விண்ணப்பத்தில் ‘வேண்டாம்’ என்று போட்டுச் சேர்ந்துவிட்டால், படிப்பு முடியும்வரை பிறகு கேட்க முடியாது. ‘முதலில் சேர்ந்துவிடலாம், பிறகு கேட்கலாம்’ என்று ஏஜென்ட் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

எங்கள் கருத்து: பி.இ.யை முடித்து எம்.எஸ்.ஸுக்குப் போவதுதான் உங்களுக்கு நேரான வழி. மாற்றலுக்கு முயல்வதானால் ஒரே ஒரு பல்கலைக்கழகத்தைக் குறிவைக்காமல் ஐந்தாறு இடங்களுக்குப் போடுங்கள். விண்ணப்ப வேலைக்காக இந்த செமஸ்டரில் ஒரு அரியர் விழுந்தால் இரண்டு வழியும் கெட்டுப்போகும்.

வேறு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சேர்ந்த கல்லூரி, நான்கு வருடக் கட்டணமும் கட்டினால்தான் டி.சி. (மாற்றுச் சான்றிதழ்) தருவோம் என்கிறது.
– மாணவர், கடலூர்

அப்படிக் கேட்க விதியில் இடமில்லை. அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கக் கூடாது என்று யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது. அந்த அறிவிப்பின்படி, சேர்க்கையின் கடைசி நாளுக்கு 15 நாள் அல்லது அதற்கு முன் விலகினால் முழுக் கட்டணமும் திரும்ப வரும், அதில் 5 சதவீதம் அல்லது 5,000 ரூபாய், எது குறைவோ அதை மட்டும் பிடிக்கலாம். அந்த 15 நாளுக்குள் என்றால் 90 சதவீதம். கடைசி நாளுக்குப் பின் 15 நாள் வரை 80, முப்பது நாள் வரை 50, அதற்கு மேல் ஒன்றுமில்லை. சில வருடங்களில் யு.ஜி.சி. இதைவிடத் தாராளமான தேதிகளைத் தனியாக அறிவித்திருக்கிறது. அதனால் இந்த வருட அறிவிப்பையும் பாருங்கள்.

விலகல் கடிதத்தை இன்றே தேதியோடு எழுதி, கல்லூரி முத்திரையுடன் நகல் வாங்குங்கள். வாங்க மறுத்தால் ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். எத்தனை சதவீதம் என்பதை இந்தத் தேதிதான் முடிவு செய்யும். வாய்மொழியாகச் சொன்ன நாள் கணக்கில் வராது.