குளிருக்கு எத்தனை உடுப்பு? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கம் ஒரு மாடிக் கடையில் 22 வருடமாகத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். ஆகஸ்ட் பிறந்தால் தீபாவளி பிளவுஸ்களோடு இன்னொரு கூட்டமும் படியேறும். வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிற பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா வருவார். அந்த அம்மாவின் இன்னொரு கையில் யாரோ கொடுத்த பழைய கோட்டு இருக்கும். நவம்பரில் ஜப்பான், கொரியா என்று சுற்றுலா போகிறவர்கள் வருவார்கள். எல்லாருக்கும் ஒரே பயம்தான்: குளிருக்கு என்று தனியாக ஓர் அலமாரியே வாங்க வேண்டுமோ? வேண்டாம். உள்ளே ஒட்டிப் போடுவது, வெளியே மூடுவது, இந்த இரண்டைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும். நடுவில் போடுவது உங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. வந்திருந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

மகள் செப்டம்பரில் மான்செஸ்டருக்குப் படிக்கப் போகிறாள். எல்லாவற்றையும் இங்கேயே வாங்கிக் கொடுத்துவிடலாமா? எத்தனை கோட்டு வேண்டும்? (ஓர் அம்மா, கிள்ளான்)

ஒன்றரைக் கோட்டு போதும் அம்மா. அந்த அரை என்பது தலைமூடி வைத்த மழை ஜாக்கெட். அதை மட்டும் இங்கே வாங்குங்கள். செப்டம்பர் கடைசியில் மான்செஸ்டரில் பகலில் 15, 16 டிகிரி இருக்கும். இறங்கிய அன்றைக்கே பிள்ளை உறைந்துபோகாது, நனையும். அங்கே காற்றோடு மழை வரும், குடை மேல்நோக்கி மடங்கிக்கொள்ளும். அதனால்தான் தலைமூடி.

முழுக் கோட்டை அக்டோபர் கடைசியில் அவளே அங்கே வாங்கட்டும். கூடப் படிக்கிற பிள்ளைகள் என்ன போடுகிறார்கள் என்று அதற்குள் பார்த்திருப்பாள். அந்த ஊரில் தானமாக வந்த பழைய உடுப்பை விற்கிற ஆக்ஸ்ஃபாம் மாதிரி தர்மக் கடைகள் எங்கும் உண்டு. கம்பளிக் கோட்டை அங்கே பாதிக்கும் குறைந்த விலையில் எடுக்கலாம். இங்கே தொங்குகிற கோட்டுகளில் பல, ஒரு வாரச் சுற்றுலாவுக்காகத் தைத்தவை. தையல் ஓரத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், பஞ்சு அங்கே இருக்காது. காற்று அந்த வழியாகத்தான் நுழையும்.

தோலோடு ஒட்டுகிற உள்சட்டை 3, உள்கால்சட்டை 2 வாங்கிக் கொடுங்கள். மெரினோ கம்பளி கிடைத்தால் நல்லது. விலை கூடுதல்தான், ஆனால் நாலு நாள் போட்டாலும் வாடை வராது. தன் எடையில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு ஈரத்தை இழுத்துக்கொண்டும் நனைந்த உணர்வைத் தராது. கட்டுபடியாகாவிட்டால் யுனிக்லோவின் ஹீட்டெக் வகைச் செயற்கை இழை. பருத்திப் பனியன் மட்டும் வேண்டாம். பஸ்ஸைப் பிடிக்க ஓடினால் அங்கேயும் வேர்க்கும். பருத்தி அந்த வேர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு, நிறுத்தத்தில் நிற்கிற பத்து நிமிடத்தில் உடம்புச் சூட்டையெல்லாம் இழுத்துவிடும்.

நடுவுக்கு அவள் அலமாரியைத் திறங்கள். முழுக்கை குர்த்தி, கார்டிகன், அப்பா ஆபீஸ் ஏர்கோனுக்குப் போடுகிற ஸ்வெட்டர், எல்லாம் எடுபடும். தடித்த ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிய இரண்டு மேல். வகுப்பறையில் ஹீட்டர் ஓடும், 20 டிகிரிக்கு மேல் இருக்கும். வெங்காயம் உரிப்பதுபோல் ஒவ்வொன்றாகக் கழற்றும்படி இருக்க வேண்டும்.

கோட்டு வாங்கும்போது ஒன்று கவனிக்கச் சொல்லுங்கள். நம் ஊரில் டீ-சர்ட்டின் மேல் கோட்டைப் போட்டுப் பார்த்து, மூன்றாம் நிமிடம் வேர்த்ததும் "சரியாக இருக்கிறது" என்று கழற்றிவிடுகிறோம். அங்கே போய் ஸ்வெட்டருக்கு மேல் போட்டால் கை மேலே தூக்க வராது. தடித்த ஸ்வெட்டரைக் கையோடு கொண்டு போய், அதன் மேல் போட்டு, தன்னைத் தானே கட்டிப்பிடித்துப் பார்க்க வேண்டும். முதுகு இழுத்தால் அடுத்த சைஸ். கை நீளத்தை என்னால் வெட்டிக் கொடுக்க முடியும். தோள் சின்னதாக இருந்தால் எந்தத் தையல்காரராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"கேப்சூல் வார்ட்ரோப்" என்றால் இத்தனை உருப்படிதான் என்று கணக்கு உண்டா? (பெட்டாலிங் ஜெயா)

கொஞ்சம் உடுப்பையே மாற்றி மாற்றிச் சேர்த்துப் போடுகிற அலமாரிதான் அது. ஒருவர் 33 என்பார், ஒருவர் 12 என்பார். நியூயார்க்கில் டோனா கேரன் என்கிற உடை வடிவமைப்பாளர் 1985-இல் ஏழே உருப்படியை வைத்து ஒரு பெண் வாரம் முழுக்க ஓட்டலாம் என்று காட்டினார். அதில் எனக்குப் பிடித்தது எண்ணிக்கை இல்லை, எந்த மேலுடுப்பும் எந்தக் கீழுடுப்போடும் சேரும் என்கிற ஏற்பாடு. மூன்று நிறத்துக்குள் நின்றால் அது தானாக வந்துவிடும். அடர்நீலம், சாம்பல், அப்புறம் உங்கள் முகத்துக்கு எடுக்கிற ஒரு நிறம். நம் ஆட்களின் நிறத்துக்கு மெரூனும் மாம்பழ மஞ்சளும் பிரமாதமாக இருக்கும். அந்த மூன்றாம் நிறத்தைக் கோட்டில் வைக்காதீர்கள், சால்வையில் வையுங்கள். புகைப்படத்தில் கோட்டு ஒன்றேதான் என்று யாருக்கும் தெரியாது. கறுப்பு ஆகாது என்று பாட்டி சொல்கிற வீடுகளுக்கும் அடர்நீலம் சிக்கல் தராது.

ஜனவரியில் லண்டனில் அண்ணன் மகள் கல்யாணம். நான் புடவைதான் கட்டுவேன். குளிருக்கு என்ன செய்வது? (ஓர் அக்கா, செந்தூல்)

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான் அக்கா. புடவை குளிருக்கு ஆகாது என்று யார் சொன்னது? ஆறு கெஜம் இடுப்பைச் சுற்றி வருகிறது. குளிர் ஏறுவது காலிலும் இடுப்பு மடிப்பிலும் கையிலும்தான். அதை அடைத்தால் போதும்.

பட்டு கட்டுங்கள், ஷிஃபான் வேண்டாம். காஞ்சிபுரம் கனமானது, பட்டே இயல்பில் கதகதப்புத் தரும். உள்ளே உடம்பை ஒட்டிய தெர்மல் கால்சட்டை, அதன் மேல் பருத்தி உள்பாவாடை. உள்பாவாடை தேவையில்லை என்று விட்டுவிடாதீர்கள். அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடுகிற அறைக்குள் காற்று வறண்டிருக்கும். செயற்கை இழைக் கால்சட்டை நேராகப் பட்டில் உரசினால் மின்சாரம் ஏறி, கொசுவம் காலோடு ஒட்டிக்கொண்டு நடக்கவே விடாது. நடுவில் பருத்தி இருந்தால் அந்தத் தொல்லை குறையும்.

பிளவுஸுக்கு இரண்டு வழி. கழுத்து மூடிய முழுக்கை ஸ்வெட்டர் மெல்லியதாக, உடம்போடு ஒட்டியதாக எடுத்து அதையே பிளவுஸாகப் போடலாம். கல்யாணத்துக்கு அது எடுப்பாக இருக்காது என்றால், முழங்கைக்குக் கீழே வருகிற பிளவுஸ் தைத்து உள்ளே தெர்மல் போடுங்கள். அளவு கொடுக்கும்போதே தெர்மலோடு நில்லுங்கள். பழைய பிளவுஸ் என்றால் பக்கத் தையலை உட்புறம் திருப்பிப் பாருங்கள். நம் தையல்காரர்கள் பக்கத்துக்கு ஓர் அங்குலம் விட்டுத்தான் தைப்போம். ஒரு தையலைப் பிரித்தால் தெர்மலுக்கு இடம் வந்துவிடும்.

காலுக்கு பூட்ஸ். மண்டபத்துக்குள் மாற்றிக்கொள்ளச் செருப்பைப் பையில் வையுங்கள். தெருவில் பனி உருக உப்புத் தூவியிருப்பார்கள். அந்த உப்புத் தண்ணீர் ஜரிகைக்கு ஆகாது. புடவையை ஓர் அங்குலம் தூக்கிக் கட்டுங்கள், ஃபால்ஸ் இல்லாமல் கட்டாதீர்கள். கோட்டு முழங்காலுக்குக் கீழே இறங்க வேண்டும். இடுப்போடு நிற்கிற பஞ்சு ஜாக்கெட்டைப் புடவைமேல் போட்டால் தண்ணீர்த் தொட்டிக்குப் பாவாடை கட்டியதுபோல் இருக்கும், சொல்லிவிட்டேன்.

போன வருடம் ஜப்பானுக்கு வாங்கிய தோல் ஜாக்கெட்டில் வெள்ளையாகப் பூஞ்சணம். தூக்கிப் போடவா? (பாயான் லெப்பாஸ்)

வேண்டாம். வீட்டுக்கு வெளியே கொண்டு போய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் தோல் வெடிக்கும். பிறகு தோலுக்கான கிரீம் மெல்லிசாகத் தடவுங்கள். அப்படியும் வாடை போகாவிட்டால் தோல் வேலை தெரிந்த ஆளிடம் கொடுக்கலாம்.

குளிர்நாட்டில் உடுப்பைக் கெடுப்பது பனி. நம் ஊரில் கெடுப்பது அலமாரி. கோலாலம்பூரானாலும் பினாங்கானாலும் காற்றில் எப்போதும் ஈரம். பிளாஸ்டிக் உறை போட்டு மூடினால் ஈரத்தையும் சேர்த்து மூடுகிறீர்கள். துணி உறை போதும். கூடவே தண்ணீர் சேரும் ஈர உறிஞ்சி டப்பா, மாதம் ஒருமுறை ஏர்கோன் அறையில் வெளியே தொங்கவிடுவது.

கம்பளிக்கு இன்னொரு எதிரி அந்துப்பூச்சி. ஓட்டை போடுவது பறக்கிற பூச்சி இல்லை, அதன் புழு. வேர்வைக் கறையும் சாப்பாட்டுக் கறையும் உள்ள இடம்தான் அதற்கு விருந்து. "ரெண்டு நாள்தானே போட்டோம்" என்று துவைக்காமல் உள்ளே வைக்காதீர்கள். பாச்சை உருண்டை போடுகிற வீட்டுக்கு ஓர் எச்சரிக்கை: ஜி6பிடி என்கிற என்சைம் குறைபாடு உள்ள குழந்தைக்கு நாப்தலின் உருண்டை ஆபத்து, ரத்தச் சிவப்பணு உடையும். நம் நாட்டில் பிறந்த குழந்தைக்கெல்லாம் அந்தச் சோதனை செய்கிறார்களே, அது சும்மா இல்லை. அந்த உருண்டையோடு கிடந்த கம்பளியில் பிள்ளையைச் சுற்றாதீர்கள்.

பூட்ஸ் கதை என் சொந்தக் கதை. நாலு வருடம் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த பூட்ஸை ஒசாகாவுக்குப் போட்டுக்கொண்டு போனேன். ரயில் நிலையப் படியில் ஏறும்போது கால் லேசாக வழுக்கியது. திரும்பிப் பார்த்தால் நான் வந்த வழியெல்லாம் கருப்பட்டியை உடைத்ததுபோல் கறுப்புத் துண்டுகள். அடிப்பாகம் உதிர்ந்துகொண்டே வந்திருக்கிறது! அது பாலியூரித்தேன் என்கிற ஒருவகைப் பிளாஸ்டிக். சூடும் ஈரமும் சேர்ந்தால் உள்ளுக்குள்ளேயே முறிந்துவிடும், போடாமல் வைத்திருந்தாலும் முறியும். பையிலிருந்த முடிக் கயிற்றால் கட்டிக்கொண்டு கடை தேடினேன். புறப்பட ஒரு வாரம் முன்னால் பூட்ஸைப் போட்டு வீட்டைச் சுற்றி அரைமணி நேரம் நடந்து பாருங்கள். கோலாலம்பூர் ஜாலான் டிஏஆர் கடைத்தெருவில் மலிவாகக் கிடைக்கிற 'பியூ' (அதே பாலியூரித்தேன் பூசிய) தோல் ஜாக்கெட் உரிவதற்கும் இதே காரணம்தான்.

லோரோங் கூலிட் சந்தையில் பழைய கோட்டு எடுக்கலாமா? கூச்சமாக இருக்கிறது. (ஜார்ஜ்டவுன்)

என்ன கூச்சம்? பழைய உடுப்பு விற்கிற பண்டல் கடைகளுக்கு மூட்டை மூட்டையாக ஜப்பான், கொரியா உடுப்புகள் வருகின்றன. குளிர்நாட்டு மனிதர் தன் குளிருக்காக வாங்கியது அது. காலையிலேயே போங்கள். உள்லேபிளில் கம்பளி எத்தனை விழுக்காடு என்று பாருங்கள், 70-க்குக் கீழே இருந்தால் நான் எடுக்க மாட்டேன். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் அந்து அரித்த ஓட்டை தெரியும். அக்குள் பக்க உள்துணி, பைக்குள் ஓட்டை, ஜிப் பல், இந்த மூன்றையும் தொட்டுப் பாருங்கள். இறகு ஜாக்கெட் என்றால் கையில் கசக்கி விடுங்கள், உடனே உப்பி வர வேண்டும். கட்டி கட்டியாக இருந்தால் விட்டுவிடுங்கள்.

எடுத்ததும் டிரை கிளீனிங். கம்பளி என்று வாயால் சொல்லுங்கள். ஒரு டோபி கடையில் சொல்லாமல் போட்ட என் கோட்டு, சுடுதண்ணீரில் சுருங்கி அக்கா பேத்திக்குப் போடுகிற அளவில் திரும்பி வந்தது. இறகு ஜாக்கெட்டை மட்டும் என்னிடம் அளவு குறைக்கக் கொண்டு வராதீர்கள். ஊசி குத்திய ஒவ்வோர் ஓட்டையிலும் இறகு வெளியே வரும்.

ஜூலையில் மெல்பர்ன், டிசம்பரில் சோல். ஒரே உடுப்பு இரண்டுக்கும் ஆகுமா? கேபினில் 7 கிலோதான். (நான்கு பேர் குடும்பம், ஷா ஆலம்)

உள்ளும் நடுவும் ஆகும். வெளிக் கோட்டு மாறும். மெல்பர்னில் 6 முதல் 14 டிகிரி, காற்றும் தூறலும். மழை ஜாக்கெட்டுக்குள் மெல்லிய இறகு ஜாக்கெட் போட்டால் முடிந்தது. சோல் அப்படியில்லை, இரவில் பூஜ்யத்துக்குக் கீழே நன்றாக இறங்கும். அதற்குத் தொடை மூடுகிற நீள இறகுக் கோட்டு, காது மூடும் தொப்பி, கையுறை. வளர்கிற பிள்ளைகளுக்கு அதை வாங்காதீர்கள். கோலாலம்பூரிலேயே வாடகைக்குக் கொடுக்கிற கடைகள் உண்டு.

கோட்டையும் பூட்ஸையும் உடம்பில் போட்டுக்கொண்டே விமானம் ஏறுங்கள், பெட்டி பாதி காலியாகிவிடும். சாக்ஸ் இரண்டு ஜோடி மாட்டி பூட்ஸை இறுக்காதீர்கள். ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். தடித்தது ஒன்று, விரல் ஆட இடம், அவ்வளவே.

கேமரன் மலைக்கு இரண்டு நாள் போகிறோம். ஜாக்கெட் வாங்கவா? (ரவாங்)

வாங்காதீர்கள். தானா ராத்தா சுமார் 1,400 மீட்டர் உயரம், இரவில் 15, 16 டிகிரி. பினாங்கு எக்ஸ்பிரஸ் பஸ்ஸின் ஏர்கோனுக்குக் கொண்டு போகிற ஸ்வெட்டர் இருக்கிறதே, அது போதும். ராத்திரி தூங்க ஒரு ஜோடி சாக்ஸ் வையுங்கள், எல்லா ஹோட்டலிலும் ஹீட்டர் இருக்காது.