ஒரு வரிக்கு இத்தனை கேள்வியா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

லினக்ஸ் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரின் பீனிக்ஸ் பகுதியில் இருக்கிறேன். மாலையில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரும் ஓர் இடத்தில் பழைய கம்ப்யூட்டர்களை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லோட் ஷெடிங், அதாவது முறைவைத்து மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் அங்கே ஒரு தொல்லை. கம்ப்யூட்டர் இன்வர்ட்டரில் ஓடும், நெட்வொர்க் சுவிட்ச் மட்டும் அணைந்துவிடும். மின்சாரம் திரும்பியதும் சுவிட்சில் பச்சை விளக்கு எரியும், ஆனால் நெட் வராது. ரீபூட் செய்தால்தான் சரியாகும். நெட்வொர்க் கார்டை இயக்கும் நிரலான டிரைவரைப் பல நாள் படித்துக் காரணத்தைக் கண்டுபிடித்தேன். இணைப்பு அறுந்ததும், அனுப்பக் காத்திருக்கும் தரவின் வரிசையை டிரைவர் காலி செய்கிறது, பைட் கணக்கை மட்டும் பூஜ்யமாக்குவதில்லை. ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது.

அதை லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். கூடவே அந்தக் கோப்பில் தாறுமாறாக இருந்த இடைவெளிகளையும் ஒழுங்குபடுத்தினேன். திரும்பி வந்தவை எல்லாம் கேள்விகள். எந்த ட்ரீக்கு (கெர்னல் மூலநிரலின் எந்தக் கிளைக்கு)? எந்தக் கமிட்டில், அதாவது பதிவான எந்த மாற்றத்தில், இந்தப் பிழை நுழைந்தது? இடைவெளித் திருத்தம் ஏன் இதோடு? கம்ப்யூட்டர் சஸ்பெண்ட் ஆகி (உறங்கி) எழும்போது என்ன நடக்கும்? முக்கால் மணி நேரத்தில் மாற்றி இரண்டாம் வடிவத்தை அனுப்பினேன். ஒரு நாளாவது பொறுத்து அனுப்பச் சொன்னார் இன்னொருவர். திருத்தம் சரி என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. என் ஆங்கிலமும் சுமார்தான். நமக்கெல்லாம் இது சரிவராதோ?

எம்.

அன்புள்ள எம்,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பைட் கணக்கு வரை போய்ப் பிழையைப் பிடித்திருக்கிறீர்கள். அது லேசான வேலை இல்லை. கார்டிடம் கொடுத்த பைட் எத்தனை, அது அனுப்பி முடித்தது எத்தனை என்று கெர்னல் எண்ணிக்கொண்டே இருக்கும். 2012இல் வந்த 3.3 கெர்னலில் சேர்ந்த ஏற்பாடு அது. வரிசையில் இருந்ததை டிரைவர் தூக்கிப் போட்டுவிட்டுக் கணக்கில் கழிக்காமல் விட்டால், அத்தனையும் இன்னும் கார்டிடம் இருக்கிறது என்று கெர்னல் நினைக்கும். புதிதாக எதையும் கொடுக்காது. பச்சை விளக்கு எரிந்தும் நெட் வராமல் போனது அதனால்தான்.

இனி அந்தக் கேள்விகளுக்கு வருகிறேன். சஸ்பெண்ட் கேள்விதான் முக்கியமானது, முதலில் அதைப் பார்ப்போம். கடிதத்திலிருந்து எனக்குப் புரிந்தவரை, இணைப்பு அறுவதைக் கையாளும் இடத்தில் உங்கள் வரியைச் சேர்த்திருக்கிறீர்கள். வரிசையைக் காலி செய்யும் ஃபங்ஷனை வேறு யாரெல்லாம் கூப்பிடுகிறார்கள் என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலான டிரைவர்களில் சஸ்பெண்ட் வழியும் கூப்பிடும், டைம் அவுட் ஆனால் கார்டை ரீசெட் செய்யும் வழியும் கூப்பிடும். அப்படியானால் உங்கள் வரி இருக்க வேண்டிய இடம் அந்தக் காலி செய்யும் ஃபங்ஷனுக்கு உள்ளே. அதே ஒரு வரி மூன்று பிழைகளைச் சரிசெய்துவிடும். கேள்வி கேட்டவர் இதை ஊகித்திருப்பார் என்று நினைக்கிறேன். நேரடியாகச் சொல்லாமல் ஏன் கேட்டார்? அந்தக் கார்டு அவர் கையில் இருக்காது, உங்கள் கையில் இருக்கிறது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருஷங்களுக்கு முன் ஒரு டிரைவரில் நினைவகக் கசிவு ஒன்றைக் கண்டேன். நெட்டில் போகும் தரவுத் துண்டான ஒரு பாக்கெட்டைக் கார்டின் கைக்கு எட்டும்படி வைக்கும் டிஎம்ஏ மேப்பிங் தோற்றுப்போனால், டிரைவர் அந்தப் பாக்கெட்டை விடுவிக்காமலே 'ஆயிற்று' என்று திரும்பிவிடும். விடுவிக்கும் வரியைச் சேர்த்தேன். வேலை நடக்கவில்லையே, 'ஆயிற்று' என்று சொல்வது தப்பாயிற்றே என்று, திரும்பும் மதிப்பையும் 'பிஸி' என்று மாற்றினேன். என் கண்ணுக்கு அது முறையாகத்தான் தெரிந்தது. ஒருவர் ஒரே ஒரு வரி பதில் போட்டார்: இந்தப் பாக்கெட் இப்போது யாருடையது?

இரண்டு இரவு அதோடு உட்கார்ந்திருந்தேன். 'பிஸி' என்றால் நான் வாங்கிக்கொள்ளவில்லை, உன்னிடமே இருக்கட்டும் என்று அர்த்தம். கெர்னலின் மேல் அடுக்கு அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பப் பார்க்கும். நானோ அதை விடுவித்தாயிற்று. என் திருத்தம் உள்ளே போயிருந்தால், சின்னக் கசிவாக இருந்தது ஊரில் பலருடைய மெஷினை விழவைக்கும் பிழையாகியிருக்கும். பாராட்டு வேண்டும் என்றுதான் அன்றைக்கு எதிர்பார்த்தேன். அந்தக் கேள்வி அதைவிட எவ்வளவோ மேல் என்று இன்றும் நம்புகிறேன்.

அடுத்து, பிழை நுழைந்த கமிட். இதை ஏதோ அலுவலகப் படிவம் நிரப்புவதுபோல நினைக்க வேண்டாம். ஃபிக்சஸ் என்று தொடங்கும் வரியில் பழைய கமிட்டின் அடையாளக் குறியான ஹாஷில் முதல் பன்னிரண்டு எழுத்துகளையும் அதன் தலைப்பையும் போடுகிறோம் அல்லவா? இந்தத் திருத்தம் எந்தெந்தப் பழைய கெர்னலுக்குப் போக வேண்டும் என்று ஏற்கெனவே வெளியாகித் திருத்தங்கள் மட்டும் பெறும் ஸ்டேபிள் பதிப்புகளைப் பராமரிப்பவர்கள் அதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். பீனிக்ஸில் உங்கள் பிள்ளைகள் உட்காரும் மெஷினில் இன்று வெளியான கெர்னலா ஓடுகிறது? நம் ஊர்ப் பழைய மெஷின்களில் எல்லாம் வருஷக்கணக்காகப் பராமரிக்கப்படும் பழைய பதிப்புகள்தான். அந்த வரி இல்லாவிட்டால் உங்கள் திருத்தம் உங்கள் மெஷினுக்கே வந்து சேராமல் போகலாம். ஒன்று கவனியுங்கள். டிரைவர் முதன்முதலில் எழுதப்பட்ட கமிட்டைப் போட்டுவிடாதீர்கள். அந்த டிரைவரில் பைட் கணக்கைச் சேர்த்த கமிட் எது என்று கிட் பிளேமில் (ஒவ்வொரு வரியும் எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கட்டளை அது) தேடுங்கள். காலி செய்யும் இடத்தை மறந்தது அங்கேதான் இருக்கும்.

இடைவெளித் திருத்தத்தைப் பிரிக்கச் சொன்னதும் இதே காரணத்தால்தான். பழைய பதிப்பில் அந்த வரிகள் வேறு மாதிரி இருந்தால் பேட்ச், அதாவது நீங்கள் அனுப்பிய மாற்றம், பொருந்தாமல் மோதும். உண்மையான திருத்தம் அதனால் தடைபடும். இடைவெளியை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். அது அழகுக்காக மட்டும் என்றால், தனியாக அனுப்பினாலும் நெட்வொர்க் பகுதியில் அதை அவ்வளவாக விரும்புவதில்லை. ட்ரீ விஷயம் எளிது: பிழைத் திருத்தம் நெட் ட்ரீக்கு, புதிய வசதிகள் நெட்-நெக்ஸ்டுக்கு. தலைப்பில் எழுதிவிட்டால் முடிந்தது.

ஒரு நாள் பொறுக்கச் சொன்னது ஏன்? நீங்கள் இரவு எட்டு மணிக்கு அனுப்பும்போது கலிஃபோர்னியாவில் காலை பத்தோ பதினொன்றோ, கிழக்கு ஆசியாவில் நடு இரவு தாண்டிவிட்டது. முக்கால் மணி நேரத்தில் இரண்டாம் வடிவம் வந்தால், எழுந்து வருகிறவர் எதைப் படிப்பது? அதனால்தான் 24 மணி நேர இடைவெளியை நெட்வொர்க் பகுதியின் வழிகாட்டியிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

உங்கள் பேட்சோடு போகும் விளக்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. லோட் ஷெடிங் என்ற வார்த்தை அதில் இருந்ததா? இருந்திருக்காது என்று நினைக்கிறேன். நாம் கூச்சப்பட்டு அதையெல்லாம் விட்டுவிடுகிறோம். 2023இல் மின்வெட்டு ஸ்டேஜ் 6 என்ற கடுமையான கட்டம் வரை போன நாட்களில், சுவிட்ச் ஒரு நாளைக்குப் பல முறை செத்துப் பிழைப்பதை நாம் பார்த்தோம். மின்சாரம் போகாத ஊரில் உட்கார்ந்து டிரைவர் எழுதுகிறவருக்கு, மெஷின் ஓடும்போதே சுவிட்ச் மட்டும் இரண்டு மணி நேரம் அணைந்திருப்பது தோன்றவே தோன்றாது. அவர் மேஜையில் இந்தப் பிழை வரவும் வராது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மெஷின் இன்வர்ட்டரில் ஓடியது. சுவிட்ச் அணைந்தபோது நிறைய டிராஃபிக் போய்க்கொண்டிருந்தது. மின்சாரம் வந்தபின் கெர்னல் பதிவில் டிரான்ஸ்மிட் க்யூ டைம்ட் அவுட் (அனுப்பும் வரிசை நேரத்துக்குள் நகரவில்லை) என்று வந்தது. இன்ன காரணம், இன்ன திருத்தம். ஐந்தாறு சின்ன வாக்கியம் போதும். ஆங்கிலம் சுமார் என்று தயங்க வேண்டாம், அங்கே எழுதுகிறவர்களில் ஏராளமான பேருக்கு ஆங்கிலம் தாய்மொழி இல்லை. முதலில் வீட்டில் யாருக்காவது தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது எங்கே தடுமாறுகிறீர்களோ, அங்கே உங்களுக்கே இன்னும் புரியாத ஏதோ ஒன்று இருக்கிறது.

நமக்கெல்லாம் சரிவராதோ என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரி என்னைச் சங்கடப்படுத்தியது. அதே டிரைவருக்கு மற்றவர்கள் அனுப்பும் திருத்தங்களைப் படிக்கத் தொடங்குங்கள். அனுபவம் எவ்வளவாக இருந்தாலும் பிறர் பேட்சைப் படித்துக் கருத்துச் சொல்லுங்கள் என்றுதான் நெட்வொர்க் பகுதியின் வழிகாட்டி சொல்கிறது. எழுதுகிறவர்கள் நிறைய, படித்துப் பார்க்க ஆள் குறைவு. முழுதாகப் புரியாதபோது ரிவ்யூட்-பை (படித்துச் சரிபார்த்தவர்) என்று பெயர் போடாதீர்கள், அது உங்கள் பொறுப்பில் தரும் வாக்கு. ஆனால் கார்டு உங்களிடம் இருக்கிறது. ஓட்டிப் பார்த்து, பார்த்ததைச் சொல்லி, டெஸ்டட்-பை என்று உங்கள் பெயரைப் போடலாம். அதற்கு அங்கே பெரிய மதிப்பு உண்டு.

சரி, மூன்றாம் வடிவத்துக்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். பெரிய கோப்பு ஒன்று போய்க்கொண்டிருக்கும்போதே சுவிட்சின் பிளக்கைப் பிடுங்கி மறுபடி செருகுங்கள். திருத்தம் இல்லாமல் இருபது தடவை, திருத்தத்தோடு இருபது தடவை. அப்புறம் சஸ்பெண்ட் செய்து எழுப்பியும் பாருங்கள். எத்தனை தடவை நின்றது என்பதை விளக்கத்தில் எழுதிவிடுங்கள். இரண்டாம் வடிவத்திலிருந்து என்ன மாறியது என்பதை மட்டும் மூன்று சிறு கோடுகளுக்கு (---) கீழே போடுங்கள், அது கமிட்டில் சேராது. அனுப்பும் முன் விளக்கத்தை எனக்குக் காட்டுவதானால் காட்டுங்கள், அன்றைக்கே படித்துவிடுகிறேன்.

அன்புடன்.